புதிய மதர்போர்டில் 32 பிட் விண்டோஸ் 7: பல ஆண்டுப் பயன்பாட்டு அனுபவம்

மைக்ரோசாஃப்ட் 2009 அக்டோபரில் வெளியிட்டு, 2020 ஜனவரி 14-ஆம் தேதியோடு பொது ஆதரவை நிறுத்திக்கொண்ட விண்டோஸ் 7-இன் 32 பிட் பதிப்பை, இன்டெல் ஆறாம் தலைமுறைச் செயலியும் எச்110 சிப்செட்டும் (மதர்போர்டின் இணைப்புகளைக் கட்டுப்படுத்தும் சில்லு) கொண்ட கணினியில் நிறுவி, டிடிபி (கணினியில் அச்சுக்கான பக்க வடிவமைப்பு) வேலைக்காகப் பல ஆண்டுகளாகப் பயன்படுத்தி வருகிறேன். பழைய இயங்குதளத்தின் மீதுள்ள பற்றினால் இதைச் செய்யவில்லை. பேஜ்மேக்கர் 7.0 என்ற பக்க வடிவமைப்பு மென்பொருளில் உருவாக்கிய ஏராளமான புத்தகக் கோப்புகள் கைவசம் உள்ளன. அவற்றிலுள்ள தமிழ் எழுத்துருக்கள் யூனிகோடுக்கு முந்தையவை. அவற்றைத் தட்டச்சு செய்யும் மென்பொருளோ, பேரலல் போர்ட்டில் (பழைய பிரின்டர் இணைப்பு) செருகும் லாக் (உரிமத்தைச் சரிபார்க்கும் சிறு கருவி) இல்லாமல் திறக்காது. அந்த லாக்கை விண்டோஸோடு பேசவைக்கும் டிரைவர் மென்பொருள் 32 பிட்டில் மட்டுமே வெளிவந்தது. 64 பிட் விண்டோஸ், கெர்னல் என்ற தன் மையப் பகுதியில் 32 பிட் டிரைவரை ஏற்பதே இல்லை. விண்டோஸ் 10-இன் 32 பிட் பதிப்பில் டிரைவர் நிறுவப்பட்டது, ஆனால் லாக்கை அது அடையாளம் காணவில்லை. ஆகவே, பழைய பென்டியம் 4 கணினியின் கண்டென்சர்கள் உப்பிப்போய் இனி சரிசெய்ய முடியாது என்றானபோது, எந்த இயங்குதளம் என்ற கேள்விக்கு விடை முன்பே முடிவாகியிருந்தது.

எக்ஸ்பியை ஏன் எடுக்கவில்லை என்று பலர் கேட்டிருக்கிறார்கள். எக்ஸ்பி, டிஸ்க்கின் முதல் பகுதியை 63-ஆவது செக்டாரில் தொடங்கும். 4 கேபி அளவில் எழுதும் இன்றைய எஸ்எஸ்டிகளுக்கு அது பொருந்தாத தொடக்கம். அழித்த கோப்புகளின் இடத்தை எஸ்எஸ்டிக்குத் தெரிவிக்கும் டிரிம் வசதியும் அதில் கிடையாது. ஏஎச்சிஐ என்ற புதிய டிஸ்க் இணைப்பு முறைக்கான டிரைவர் இல்லாததால், தனியாகச் சேர்க்காவிட்டால் 7பி என்று முடியும் நீலத்திரையோடு நின்றுவிடும். ஆறாம் தலைமுறையின் உள்கிராஃபிக்ஸுக்கு எக்ஸ்பி டிரைவரே இல்லை என்பதோடு அந்தப் பேச்சு முடிந்தது. விண்டோஸ் 7-க்கோ, அந்தத் தலைமுறைக்கு இன்டெல்லே கிராஃபிக்ஸ் டிரைவர் தந்திருக்கிறது. ஏழாம் தலைமுறைக்கு அதிகாரப்பூர்வமாகத் தரவில்லை. அதோடு, 2017 ஏப்ரலிலிருந்து அந்தப் புதிய செயலிகளில் விண்டோஸ் 7-க்கான அப்டேட்டுகளையும் மைக்ரோசாஃப்ட் தடுத்துவிட்டது. எனவே, இந்த வேலைக்கு மதர்போர்டு தேடுகிறவர்கள் முதலில் பார்க்க வேண்டியது செயலியின் வேகத்தை அல்ல, தலைமுறையை.

நிறுவும்போது வரும் பெரிய தடை யூஎஸ்பிதான். விண்டோஸ் 7 வெளிவந்த காலத்தில் யூஎஸ்பி 3.0-க்கான எக்ஸ்எச்சிஐ கன்ட்ரோலர் பரவலாகவில்லை என்பதால், அதற்கான டிரைவர் நிறுவல் வட்டில் இல்லை. எச்110 அடங்கிய 100 வரிசைக்கு முந்தைய சிப்செட்டுகளில் யூஎஸ்பி 2.0-க்கான பழைய இஎச்சிஐ கன்ட்ரோலரும் உடன் இருந்ததால் இது யாருக்கும் உறுத்தவில்லை. 100 வரிசையில் இன்டெல் அதை நீக்கியபோது எல்லா யூஎஸ்பி போர்ட்டுகளும் ஒரே அடியாகக் கைவிட்டுப்போயின. இதில் ஆளைக் குழப்புவது திரையில் தோன்றும் செய்தி. பென் டிரைவிலிருந்து பூட் ஆகி, மொழி தேர்ந்தெடுக்கும் திரை வரை வந்தபின், சிடி/டிவிடி டிரைவுக்கான டிரைவர் காணவில்லை என்கிறது. கணினியில் டிவிடி டிரைவே இல்லாதவர்களுக்கும் இதே செய்திதான் வரும். உண்மையில் அது தேடுவது, தான் கிளம்பிவந்த பென் டிரைவையே. பூட் ஆகும்வரை அதைப் படித்துக்கொண்டிருந்தது, மதர்போர்டிலேயே உள்ள தொடக்க மென்பொருளான பயாஸ். அதன்பின் விண்டோஸ் தன் சொந்த டிரைவரால் படிக்க வேண்டும், அந்த டிரைவர்தான் இல்லை. மவுஸும் கீபோர்டும் அந்தக் கட்டத்தில் உயிரற்றுக் கிடப்பதும் இதே காரணத்தால்தான்.

இதற்கு இரண்டு வழிகள் உண்டு. நிறுவல் கோப்புகளில் உள்ள பூட்.விம், இன்ஸ்டால்.விம் என்ற இரண்டு தொகுப்புக் கோப்புகளையும் விண்டோஸின் டிஸ்ம் கட்டளையால் திறந்து, யூஎஸ்பி 3.0 டிரைவரை உள்ளே சேர்த்து மூடுவது ஒன்று. பூட்.விம்மில் தனித்தனியே இயங்கக்கூடிய இரண்டு விண்டோஸ் நகல்கள் (பிம்பங்கள்) இருக்கும். நிறுவல் திரை இயங்குவது இரண்டாவதிலிருந்து என்பதால், முதலாவதில் மட்டும் சேர்ப்பதால் பயனில்லை. மற்றொரு வழி எனக்கு மிகவும் பிடித்தது: சாட்டா (டிஸ்க் இணைப்பு) கேபிளில் டிவிடி ரைட்டர், பிஎஸ்/2 என்ற பழைய வட்ட போர்ட்டில் கீபோர்டு. இரண்டுமே யூஎஸ்பியின் பக்கம் போவதில்லை என்பதால், மூல வட்டில் எந்த மாற்றமும் செய்யாமல் நிறுவலை முடிக்கலாம். டிரைவர்களை இன்னொரு டிவிடியில் எழுதி வைத்துக்கொண்டால் போதும். பிஎஸ்/2 போர்ட் உள்ள போர்டை வாங்குங்கள் என்று நான் வற்புறுத்துவது இதற்காகத்தான்.

பயாஸில் சிஎஸ்எம் என்ற பழைய பூட் முறையை இயக்கி, கையொப்பமிட்ட இயங்குதளத்தை மட்டும் அனுமதிக்கும் செக்யூர் பூட்டை நிறுத்தியாக வேண்டும். பயாஸின் இடத்தைப் பிடித்த 64 பிட் யூஇஎஃப்ஐ, 32 பிட் விண்டோஸ் 7-ஐ நேரடியாகத் தொடங்காது. 64 பிட் விண்டோஸ் 7 யூஇஎஃப்ஐயில் தொடங்கினாலும், திரைக்காகப் இன்ட் 10எச் என்ற பழைய பயாஸ் அழைப்பைத் தேடுவதால், சிஎஸ்எம் இல்லாத போர்டுகளில் தொடக்க லோகோவோடு உறைந்துவிடும். சேமிப்புக்குச் சாட்டா எஸ்எஸ்டியே நல்லது. அதைவிட வேகமான என்விஎம்இ எஸ்எஸ்டியும் சாத்தியம்தான், அதற்குக் கேபி 2990941 என்ற மைக்ரோசாஃப்ட் எண் கொண்ட திருத்தத்தை முன்கூட்டியே நிறுவல் கோப்புகளில் சேர்க்க வேண்டும். பேஜ்மேக்கருக்கு அந்த வேகத்தால் ஆகப்போவது ஒன்றுமில்லை.

அப்டேட்டுகளை ஆன்லைனில் தேடவிட்டுக் காத்திருப்பதைவிட, கோப்புகளாகப் பதிவிறக்கி வைத்துக்கொள்வதே சரி. சர்வீஸ் பேக் 1-க்குப் பின் கேபி 3020369, அதன்மேல் 2016-இல் வந்த கேபி 3125574 என்ற பெருந்தொகுப்பு, பிறகு திருத்தங்களின் நம்பகத்தன்மையைக் காட்டும் ஷா-2 கையொப்பத்தைப் புரிந்துகொள்ள உதவும் கேபி 4490628, கேபி 4474419 என்ற வரிசையில் நான் நிறுவுகிறேன். ஷா-2 திருத்தங்கள் இல்லாவிட்டால், 2019-இன் பிற்பகுதிக்குப் பின் வந்த எந்தத் திருத்தத்தையும் அது ஏற்காது.

நாளாந்தப் பயன்பாட்டில் இந்தக் கணினி என்னைக் கைவிட்டதில்லை. 32 பிட் என்பதால் 4 ஜிபி நினைவகத்திலும் ஒரு பகுதி ஒதுக்கீடாகப் போய்விடுகிறது; ஆனால் 2001-இல் வந்த பேஜ்மேக்கருக்கு மிச்சமிருப்பதே ஏராளம். லாக் விஷயத்தில் மட்டும் கவனம் தேவைப்பட்டது. பிசிஐ எக்ஸ்பிரஸ் ஸ்லாட்டில் போடும் பேரலல் கார்டுகள் வேறொரு போர்ட் முகவரியை (கணினி அந்தப் போர்ட்டை அழைக்கும் எண்) எடுத்துக்கொள்வதால், 378 என்ற பழைய முகவரியைத் தவிர வேறெதையும் அறியாத லாக் அவற்றில் வேலை செய்வதில்லை. போர்டிலேயே எல்பிடி (பேரலல் போர்ட்) பின்கள் இருந்ததால், பிராக்கெட் கேபிள் போட்டுப் பின்பக்கம் கொண்டுவந்தேன். முதல் தடவையே லாக்கைக் கண்டுகொண்டது. யூஎஸ்பி பேரலல் கேபிள்கள் பிரின்டருக்கு மட்டுமே ஆகும், லாக்குக்கு ஆகாது.

இந்தக் கணினியில் இணைய இணைப்பு கிடையாது, இனியும் கொடுக்கமாட்டேன். 2017 மே மாதம் வானாக்ரை என்ற பிணைப்பண வைரஸ் தாக்கியபோது சிக்கியவற்றில் பெரும்பாலானவை விண்டோஸ் 7 கணினிகள். அதற்கான திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் அந்த மார்ச் மாதமே வெளியிட்டிருந்தது; இன்று அத்தகைய ஓட்டை கண்டுபிடிக்கப்பட்டால் நமக்குத் திருத்தம் வராது. குரோம் பிரவுசரும் விண்டோஸ் 7-க்கு 109-ஆம் பதிப்போடு நின்றுவிட்டது. பேஜ்மேக்கரிலிருந்து போஸ்ட்ஸ்கிரிப்ட் என்ற அச்சுக்கோப்பு, அதிலிருந்து டிஸ்டில்லர் மென்பொருள் வழியாக எழுத்துரு பொதிந்த பிடிஎஃப், அதைப் பென் டிரைவில் வேறு கணினிக்கு எடுத்துச்சென்று வைரஸ் சோதனை, பிறகு அச்சு பிளேட்டுக்கு அனுப்புதல் என்பதே நடைமுறை. பென் டிரைவைச் செருகியதும் தானே இயங்கும் ஆட்டோரன்னை முழுவதும் நிறுத்தியிருக்கிறேன்.

லாக் போன்ற கட்டாயம் இல்லாதவர்களுக்கு இந்த வழியை நான் பரிந்துரைக்கமாட்டேன். மென்பொருள் மட்டும்தான் தேவை என்றால், புதிய கணினியில் விர்ச்சுவல்பாக்ஸ் (கணினிக்குள் இன்னொரு கணினியை உருவாக்கும் மென்பொருள்) போட்டு அதற்குள் எக்ஸ்பியையோ விண்டோஸ் 7-ஐயோ இயக்குவது பாதுகாப்பானது, காப்பு எடுப்பதும் எளிது. எனக்கு அதில் தட்டச்சு, பக்க அமைப்பு எல்லாம் சரியாக வந்தன, பேரலல் லாக் மட்டும் நம்பத்தக்கதாக இயங்கவில்லை.

இன்னும் புதிய போர்டுகளை நாடுவதிலும் பொருளில்லை. இன்டெல் 500 வரிசை முதல், உள்கிராஃபிக்ஸோடு சிஎஸ்எம் இயங்குவதில்லை, தனி கிராஃபிக்ஸ் கார்டு வேண்டும். விண்டோஸ் 7-க்கான வழக்கமான கார்டு டிரைவர் வெளியீடுகளையோ என்விடியாவும் ஏஎம்டியும் 2021-லேயே முடித்துக்கொண்டன. அதனால் இதே எச்110 ரகத்தில், எல்பிடி பின்களும் பிஎஸ்/2 போர்ட்டும் உள்ள இன்னொரு போர்டைப் பழைய சந்தையில் வாங்கிச் சோதித்து எடுத்து வைத்திருக்கிறேன். நிறுவல் முழுவதையும் டிஸ்க் பிம்பமாக இரண்டு இடங்களில் சேமித்திருக்கிறேன். கோப்புகளை ஒவ்வொன்றாக யூனிகோடுக்கு மாற்றும் வேலையும் நடந்துவருகிறது. மறுபதிப்புக்கு வரும் நூல்கள் முதலில், மற்றவை பிறகு.