பே ரம் தயாரிப்புப் பெட்டி வாங்க நினைப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை

சவரத்துக்குப் பின் பூசிக்கொள்ளும் பே ரம் திரவத்தை வீட்டிலேயே தயாரிக்கத் தேவையான அனைத்தும் அடங்கியது என்று விளம்பரப்படுத்தப்பட்ட ஒரு பெட்டியை இணையவழி விற்பனையாளர் ஒருவரிடம் வாங்கினேன். அதில் வந்த எண்ணெய் பே எண்ணெய் அன்று. இலைகள் வேறொரு மரத்தின் இலைகள். ஆல்கஹால் எத்தகையது என்பதை விற்றவராலேயே சொல்ல முடியவில்லை. இவை மூன்றையும்விட மோசமானது உடன் வந்த செய்முறைத் தாள். அதில் குறிப்பிட்டுள்ள அளவுப்படி தயாரித்து முகத்தில் பூசுபவருக்குத் தோல் வெந்துபோகும் அபாயம் உண்டு என்பதால்தான் இதை விரிவாக எழுதுகிறேன்.

பே ரம் என்பது கரீபியன் தீவுகளில் வளரும் பிமென்டா ராசிமோசா என்ற மரத்தின் இலையிலிருந்து வருவது. 19ஆம் நூற்றாண்டில், அப்போது டென்மார்க்கின் ஆட்சியில் இருந்த செயின்ட் தாமஸ் தீவில், இவ்விலைகளை ரம்மோடு சேர்த்து வடித்து எடுத்த திரவம்தான் உலகெங்கும் சவரக் கடைகளுக்குப் போய்ச் சேர்ந்தது. இன்று இந்த எண்ணெய் பெருமளவில் டொமினிக்கா தீவிலிருந்து கிடைக்கிறது. ஆகவே உண்மையான எண்ணெய்ப் புட்டியில் மரத்தின் தாவரவியல் பெயரும், எந்த நாட்டிலிருந்து வந்தது என்பதும், தயாரிப்புத் தொகுதி எண்ணும் இருக்கவேண்டும். எனக்கு வந்த புட்டியில் 'தூய பே எண்ணெய்' என்ற ஒரு வரியைத் தவிர வேறெதுவும் இல்லை.

முதலில் இலையைப் பார்த்தேன். பே ரம் மரத்தின் இலை தடித்து, தோல்போல் விறைப்பாக, நுனி பெரும்பாலும் வட்டமாக இருக்கும். கசக்கினால் கிராம்பு மணம் எழும். பெட்டியில் இருந்தவையோ இரு முனையும் கூராகக் குறுகி, ஓரம் லேசாக நெளிந்த இலைகள். ஒன்றை உடைத்து விரல்களுக்கிடையே தேய்த்தபோது தைல மரத்தின் வாசனை மூக்கில் ஏறியது. அது மத்தியத்தரைக் கடல் நாடுகளில் சமையலுக்குப் பயன்படும் லாரஸ் நோபிலிஸ் என்னும் மரத்தின் இலை. அதன் மணத்துக்கு முதன்மைக் காரணம் சினியோல். தைல மர எண்ணெயில் இருப்பதும் அதே பொருள்தான். சமையலுக்கு நல்ல இலையே, ஆனால் அதை ஆல்கஹாலில் எத்தனை நாள் ஊறவைத்தாலும் பே ரம் ஆகாது.

எண்ணெயின் கதை வேறு. காகிதக் கீற்றில் ஒரு துளி இட்டு முகர்ந்தபோது, பே எண்ணெய்க்கு உரிய பசுமை கலந்த காரமணம் இல்லாமல், கிராம்பின் ஒற்றைக் குத்தல் மட்டுமே இருந்தது. மணத்தை வைத்து மட்டும் ஒருவர்மீது குற்றம் சாட்டுவது நியாயமன்று என்பதால் இன்னொன்றும் செய்து பார்த்தேன். பே எண்ணெய் தண்ணீரைவிட இலேசானது. கிராம்பு எண்ணெய் தண்ணீரைவிடக் கனமானது. கண்ணாடிக் குவளையில் தண்ணீர் நிரப்பி, துளியிடும் குழாயின் முனையை நீர்மட்டத்துக்குக் கீழே அமிழ்த்தி மெல்ல அழுத்தினேன். மேற்பரப்பில் விட்டால் கனமான எண்ணெய்கூடச் சிறிது நேரம் மிதந்து ஏமாற்றும் என்பதால்தான் இந்த முறை. வெளியே வந்த ஒவ்வொரு துளியும் உருண்டு நேராக அடியில் போய் உட்கார்ந்தது. மிதந்திருந்தால்கூட அது தூய பே எண்ணெய் என்று உறுதியாகிவிடாது, ஏனெனில் இலேசான எண்ணெய் எதையாவது கலந்தும் மிதக்கவைக்கலாம். ஆனால் இப்படி மூழ்குவது பே எண்ணெயாக இருக்க வழியில்லை.

இரண்டிலும் இருப்பது கிராம்பு மணத்தைத் தரும் யூஜெனால் என்னும் வேதிப்பொருள்தானே, என்ன பெரிய வேறுபாடு என்று விற்பனையாளர் பதில் எழுதினார். வேறுபாடு அளவில்தான் இருக்கிறது. பே எண்ணெயில் யூஜெனால் ஏறத்தாழப் பாதி அளவே இருக்க, கிராம்பு எண்ணெயில் பெரும்பங்கு அதுவே. யூஜெனால் தோலில் எரிச்சலையும், சிலருக்கு நிலையான ஒவ்வாமையையும் உண்டாக்கும் பொருள் என்பது நன்கு அறியப்பட்டது; ஐரோப்பிய ஒன்றிய விதிகளின்படி, தோலில் அப்படியே விட்டுவிடும் அழகுப் பொருளில் 0.001 சதவீதத்துக்கு மேல் அது இருந்தாலே லேபிளில் பெயர் குறிப்பிட்டாகவேண்டும்.

இனி அந்தச் செய்முறைத் தாள். 100 மில்லி திரவத்துக்கு 10 மில்லி எண்ணெய் சேர்க்கும்படி அது சொல்கிறது. பழைய மருந்தக நூல்களில் காணப்படும் பே ரம் செய்முறையில், ஆல்கஹாலும் நீருமாக 1000 மில்லி திரவத்துக்கு 8 மில்லி பே எண்ணெய்தான். அதாவது இந்தத் தாளின் அளவு அதைவிடப் பன்னிரண்டு மடங்குக்கும் மேல். அதுவும் பே எண்ணெய்க்குப் பதில் கிராம்பு எண்ணெய். போதாக்குறைக்கு, பட்டையையும் கிராம்பையும் அதிலேயே ஊறப்போடச் சொல்கிறார்கள். சவரக் கத்தி ஓடி முடித்த தோல், கண்ணுக்குத் தெரியாத கீறல்களோடு இருக்கும் தோல் என்பதை இதை எழுதியவர் ஒரு கணமாவது நினைத்திருப்பாரா என்று எனக்குக் கோபம் வருகிறது. தாளில் சொன்னதைவிட மிகக் குறைந்த அளவில் கலந்து, வழக்கம்போல் முன்கையின் உட்புறத்தில் காசளவு இடத்தில் பூசிச் சோதித்தேன். மறுநாள் காலையில் அந்த இடம் சிவந்து தடித்து அரிப்பெடுத்தது. முகத்துக்கு அது போகவே இல்லை.

ஆல்கஹால் புட்டியில் 'வாசனைத் திரவத் தரம்' என்று மட்டும் அச்சிட்டிருந்தது. எத்தனால் என்னும் வழக்கமான ஆல்கஹால் எத்தனை சதவீதம், குடிக்கத் தகாததாக்க என்ன சேர்த்திருக்கிறார்கள், மெத்தனால் உண்டா என்று மூன்று கேள்விகளை எழுத்தில் கேட்டேன். 'இயற்கையானது, பயப்படவேண்டாம்' என்று பதில் வந்தது. மெத்தனால் தோல் வழியாகவும் மூச்சு வழியாகவும் உடலுக்குள் போகக்கூடிய, கண்பார்வையையே பறிக்கவல்ல நஞ்சு. தீ வைத்துச் சுடரின் நிறத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்கலாம் என்று சொல்பவர்களை நம்பவேண்டாம். எத்தனாலோடு கலந்திருக்கும் மெத்தனாலை அப்படிப் பிரித்தறிய முடியாது, தீக்காயம்தான் மிஞ்சும். உட்பொருள் விவரம் எழுத்தில் கிடைக்காத ஆல்கஹாலைத் தோலில் படவிடாதீர்கள்.

பெட்டியில் எலுமிச்சை எண்ணெய் ஒன்றும் இருந்தது. அது வடித்தெடுத்ததா, பழத்தோலைப் பிழிந்தெடுத்ததா என்ற குறிப்பு இல்லை. பிழிந்தெடுத்ததைப் பூசிக்கொண்டு வெயிலில் போனால் தோல் கருகிக் கொப்புளிக்கலாம்.

பணத்தைத் திருப்பிக் கேட்டபோது, புட்டியின் மூடியைத் திறந்துவிட்டதால் முடியாது என்றார்கள். திறக்காமல் உள்ளே இருப்பது என்னவென்று எப்படித் தெரிந்துகொள்வது என்ற கேள்விக்கு இதுவரை பதில் இல்லை. விற்பனைத் தளத்தில் புகார் பதிந்திருக்கிறேன், அதே பெட்டி அதே விவரங்களோடு இன்னும் விற்பனையில் இருக்கிறது.

இத்தகைய பெட்டியை ஏற்கெனவே வாங்கிக் கலந்து வைத்திருப்பவர்கள் அதில் மேலும் தண்ணீர் சேர்த்துச் சமாளிக்கப் பார்க்கவேண்டாம். எண்ணெய் கரைசலிலிருந்து பிரிந்து மேலேயோ அடியிலேயோ தேங்கி, தூய எண்ணெயே தோலில் படும் நிலை உண்டாகும். பூசி எரிச்சல் கண்டவர்கள் சோப்பிட்டு நன்றாகக் கழுவி, சிவப்பு அடங்காவிட்டால் புட்டியோடு தோல் மருத்துவரிடம் செல்லுங்கள். யூஜெனால் ஒவ்வாமை என்று அவர் உறுதிசெய்தால் அதைப் பல் மருத்துவரிடமும் மறவாமல் தெரிவியுங்கள்; பல்லில் தற்காலிகமாக அடைக்கும் சிமென்ட் வகைகள் சிலவற்றில் அதே யூஜெனால்தான் சேர்க்கப்படுகிறது.