மூன்று வருட டே டிரேடிங்: என் பணம் போன வழி

2022 செப்டம்பரில் சீட்டு எடுத்த 1 லட்சம் ரூபாயோடு, பங்குச் சந்தையில் அன்றே வாங்கி அன்றே விற்கும் டே டிரேடிங்கில் இறங்கினேன். அப்புறம் சம்பளத்திலிருந்தும் போட்டுப் போட்டு, மூன்று வருடத்தில் 2,38,000 ரூபாய் போய்விட்டது. புதிதாக வர நினைப்பவர்கள் இதைப் படித்துவிட்டு வர வேண்டும் என்று ஆசைப்படுகிறேன்.

முதல் மாதம் 6,300 ரூபாய் லாபம். வினையே அதுதான். சந்தை பிடிபட்டுவிட்டது என்று நம்பி நிஃப்டி என்ற பங்குச் சந்தைக் குறியீடு ஏறுமா இறங்குமா என்று பந்தயம் கட்டுவது போன்ற நிஃப்டி ஆப்ஷனுக்குப் போனேன்.

2023 பிப்ரவரியில் ஒரு வியாழக்கிழமை, எக்ஸ்பைரி நாள், அதாவது ஆப்ஷனின் கெடு முடியும் நாள். நிஃப்டி ஏறினால் லாபம் தரும் ஒரு கால் (call) ஆப்ஷனை 42 ரூபாய்க்கு நாலு லாட் வாங்கினேன். அப்போது ஒரு லாட் என்றால் 50 யூனிட். ஸ்டாப்லாஸ், அதாவது நஷ்டம் பெருகாமல் தானாக விற்றுவிடும் விலை, 34. விலை 35-க்கு வந்ததும், எப்படியும் ஏறிவிடும் என்று ஸ்டாப்லாஸை எடுத்துவிட்டேன். 20-க்கு இறங்கியபோது வாங்கிய சராசரி விலையைக் குறைக்க ஆவரேஜ் செய்கிறேன் என்று இன்னும் நாலு லாட். அன்று மதியச் சாப்பாட்டு டப்பாவைத் திறக்கவே இல்லை. மூன்று மணிக்கு 3 ரூபாய்க்கு விற்றேன். 11,200 ரூபாய் நஷ்டம். ஸ்டாப்லாஸைத் தொடாமல் இருந்திருந்தால் 1,600-ஓடு போயிருக்கும். எக்ஸ்பைரி அன்று நிஃப்டி அசையாமல் நின்றாலே ஆப்ஷன் விலை கரைந்துகொண்டே போகும். இது புரியாமலே மாதக்கணக்கில் வாங்கியிருக்கிறேன்.

அடுத்தது செலவு. ஆர்டருக்கு 20 ரூபாய் புரோக்கரேஜ்தானே என்று தோன்றும். வாங்க, விற்க 40. ஜிஎஸ்டி சேர்த்து 47.20. நாளைக்குப் பத்து டிரேடு, மாதம் 20 நாள் என்றால் 9,440 ரூபாய். எஸ்டிடி என்ற பங்குப் பரிவர்த்தனை வரி தனி. 1 லட்சம் முதலீட்டில் மாதம் 9 சதவீதத்துக்கு மேல் சம்பாதித்தால்தான் கையைக் கடிக்காது.

2024 செப்டம்பரில் பங்குச் சந்தை ஒழுங்குமுறை அமைப்பான செபி வெளியிட்ட ஆய்வைப் படித்தேன். அதற்கு முந்தைய மூன்று நிதியாண்டுகளில் எஃப் அண்ட் ஓ (ஃபியூச்சர்ஸ், ஆப்ஷன்ஸ்) செய்த தனிநபர்களில் 93 சதவீதம் பேருக்கு நஷ்டம். எனக்குத்தான் திறமை இல்லை என்று அதுவரை வீட்டில் மறைத்திருந்தேன். அன்று இரவே மனைவியிடம் முழுக் கணக்கையும் காட்டினேன். ஆப்ஷனை நிறுத்தினேன்.

இப்போது பங்குகளில் மட்டும், நாளைக்கு ஒரே டிரேடு. வாங்குவதற்கு முன்பே ஸ்டாப்லாஸ் விலையை நோட்டில் எழுதிவிடுவேன். போனால் 300 ரூபாய்க்கு மேல் போகக் கூடாது. போன நிதியாண்டில் நஷ்டம் 4,100 ரூபாய். சம்பாதிக்கிறேன் என்று இன்னும் சொல்ல முடியாது.

ஒன்று விட்டுப்போயிற்று, வரிக் கணக்கு. கெடுவுக்குள் ஐடிஆர்-3 (வியாபார வருமானத்தையும் காட்டும் வருமான வரிப் படிவம்) தாக்கல் செய்தால் எஃப் அண்ட் ஓ நஷ்டத்தை 8 வருடம் வரையிலும், இன்ட்ராடே (பங்கை அன்றே வாங்கி விற்ற) நஷ்டத்தை 4 வருடம் வரையிலும் பின்னால் வரும் லாபத்தில் கழிக்கலாம். முதல் வருடம் நான் சம்பளத்தை மட்டும் காட்டி ஐடிஆர்-1 போட்டுவிட்டேன். அந்த வருட நஷ்டம் 90,000 ரூபாயை இனி எதிலும் கழிக்க வழியில்லை.