கொதிக்கும் கஞ்சிக்கு எந்தப் பால் புரதம்?

பால் புரதப் பொடிகளைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் உடற்பயிற்சிக் கூடத்து ஆட்களை மனத்தில் வைத்துத்தான் எழுதுகிறார்கள். குளிர்ந்த தண்ணீர், மூடி போட்ட குப்பி, நாலு குலுக்கு, கதை முடிந்தது. எங்கள் வீட்டில் அப்படிக் குடிப்பவன் என் அக்கா மகன் ஒருவன்தான். மற்றவர்களுக்கு எதைக் கொடுத்தாலும் ஆவி பறக்க வேண்டும். கடலூர் மஞ்சக்குப்பத்தில் வீட்டிலேயே சத்துமாவு தயாரித்துத் தெரிந்த குடும்பங்களுக்குக் கொடுத்துவருகிறேன். அதில் புரதத்தைக் கூட்டுவதற்காகப் பாலிலிருந்து எடுக்கும் பொடிகளை அநேகமாக எல்லா வகையிலும் வாங்கிப் புழங்கிவிட்டேன். டப்பாவின் மேல் போட்டிருக்கும் சதவீதம் அப்புறம். அந்தப் பொடி எந்தச் சூட்டில், எதனோடு கலக்கப்போகிறது என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும் என்பது என் கட்சி.

இந்த வேலை தொடங்கியது மாமனாருக்காக. இடுப்பெலும்பு அறுவை சிகிச்சைக்குப் பிறகு புரதத்தைக் கூட்டச் சொன்னார் மருத்துவர். பெரியவர்களுக்கு உடல் எடையில் கிலோவுக்கு நாளொன்றுக்கு 0.83 கிராம் புரதம் வேண்டும் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2020-இல் பரிந்துரைத்திருக்கிறது. 60 கிலோ எடையுள்ளவருக்கு 50 கிராம். அதுவும் உடல் நலத்தோடு இருப்பவருக்கான கணக்கு. பல் போய், ரசம் சாதத்திலும் தயிர் சாதத்திலும் காலம் தள்ளும் மனிதர் அதை எட்டுவது கடினம். மீன் முள்ளுக்குப் பயம், முட்டை பிடிக்காது. கஞ்சி மட்டும் மூன்று வேளையும் குடிப்பார். கேழ்வரகு, கம்பு, பாசிப்பயறு, பொட்டுக்கடலை, பண்ருட்டி முந்திரி எல்லாம் வறுத்து அரைத்த மாவு அது. புரதம் அமினோ அமிலங்கள் என்ற சின்னத் துண்டுகளால் ஆனது. தானியத்தில் லைசின் என்ற அமினோ அமிலம் குறைவு. பயறு அதை ஓரளவு ஈடுகட்டும். பால் புரதத்தில் லைசின் தாராளமாக இருப்பதால் இந்த மாவுக்கு அது நல்ல துணை.

முதலில் சேர்த்தது கொழுப்பு நீக்கிய பால் பவுடர். இன்றும் பாதிப் பேருக்கு அதையே சொல்கிறேன். நூறு கிராமில் சுமார் 35 கிராம் புரதம், விலை குறைவு, கொதிக்க வைத்தாலும் கெடுதல் இல்லை, வாசனையும் நன்றாக இருக்கும். சங்கடம் என்னவென்றால் அதில் பாதி லாக்டோஸ், அதாவது பால் சர்க்கரை. அது ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு வயிறு உப்பிக்கொள்ளும். மாமாவுக்கு இரண்டாம் டம்ளரிலேயே வயிறு பேச ஆரம்பித்துவிட்டது. அந்தத் தொல்லை இல்லாதவர்கள் இதற்கு மேல் செலவழிக்க வேண்டியதில்லை.

அடுத்து, எல்லாரும் சொல்லும் வே புரோட்டீன். பசும்பாலின் புரதத்தில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு கேசீன், அதாவது சீஸ் செய்யும்போது உறைந்து கட்டியாகும் புரதம். தெளிந்த தண்ணீரில் தங்கும் மீதி ஒரு பங்குதான் வே. நான் வாங்கியது கான்சன்ட்ரேட், அதாவது வடிகட்டிச் செறிவாக்கிய வகை, 80 சதவீதப் புரதம். லாக்டோஸ் மிகக் குறைவு. மாமாவின் வயிறு அடங்கியது. ஆனால் அடுப்பில் வைத்ததும் அதன் குணமே மாறிவிட்டது. மாவோடு கலந்து தண்ணீர் ஊற்றிக் காய்ச்சினால் முதலில் நுரை பொங்குகிறது. கொதி வருவதற்கு முன்பே பாத்திரத்தின் ஓரத்தில் வெள்ளை வெள்ளையாகத் துகள் கட்டுகிறது. மத்தால் கடைந்தாலும் கரைவதில்லை. வேகவைத்த முட்டையின் வாடை வேறு. திருப்பாதிரிப்புலியூரில் என்னிடம் மாவு வாங்கும் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் தொலைபேசியில் கேட்டார்: "என்னம்மா, இந்தத் தடவை ரவை கலந்துவிட்டாயா?"

காரணம் தெரிந்துகொண்ட பிறகு பொடியின் மேல் கோபம் வரவில்லை. வே புரதங்கள் நூல் உருண்டை மாதிரி சுருண்டிருப்பவை. 70 டிகிரிக்கு மேல் சூடேறினால் சுருள் பிரிந்து, ஒன்றோடொன்று பின்னிக் கட்டியாகிவிடும். கந்தகமுள்ள அமினோ அமிலங்கள் அப்போது வெளிப்படுவதால்தான் முட்டை வாடை. கேசீனுக்கு அப்படிச் சுருண்ட அமைப்பு இல்லை. சூட்டை அது பொருட்படுத்துவதில்லை. பாலைத் தளதளவென்று கொதிக்கவிட்டாலும் திரியாமல் இருப்பதற்கு இதுதான் காரணம். பாலில் உள்ள கொஞ்ச வேயும் கொதிக்கும்போது கேசீன் மணிகளின் மேல் போய் ஒட்டிக்கொள்கிறது. வேயைத் தனியாகப் பிரித்தெடுத்துக் கஞ்சியில் போட்டால் ஒட்டிக்கொள்ள அதற்கு இடமேது?

வேயைச் சூடாக்கினால் புரதமே அழிந்துவிடும் என்று அக்கா மகன் சாதிப்பான். அது தவறு. அவித்த முட்டையில் புரதம் அழிந்துவிடுகிறதா என்ன? போவது வாய்க்கு இதமான பதம்தான், சத்து இல்லை. கஞ்சியைக் காய்ச்சி இறக்கி, குடிக்கும் சூட்டுக்கு ஆறவிட்டு, பொடியைக் கொஞ்சம் ஆறிய தண்ணீரில் குழைத்து ஊற்றினால் வேயும் ஒழுங்காகக் கலக்கும். என் சமையலறையில் அதைச் செய்யலாம். காசு கொடுத்து மாவு வாங்குகிறவர்கள் செய்ய மாட்டார்கள். பாக்கெட்டில் கொட்டை எழுத்தில் அச்சடித்தாலும் எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டுக் கொதிக்கவைப்பதே நம் வழக்கம். அந்த வழக்கத்துக்கு ஏற்ற பொடியைத் தேடுவது என் வேலை.

இந்த இடத்தில் ஒரு கேள்வி அடிக்கடி வரும்: பனீர் செய்த தண்ணீரை ஊற்றிக் காய்ச்சினால் போதாதா? போதாது. பனீருக்குப் பாலை நன்றாகக் காய்ச்சிவிட்டுத்தான் திரிக்கிறோம். அந்தச் சூட்டிலேயே வே புரதத்தின் பெரும்பகுதி கேசீனோடு சேர்ந்து பனீருக்குள் போய்விடுகிறது. தண்ணீரில் மிஞ்சுவது பெரும்பாலும் லாக்டோஸும் தாது உப்பும். சீஸ் செய்யும்போது பாலைக் கொதிக்கவைக்காமல் உறையவைப்பதால் அங்கே வே தண்ணீரிலேயே தங்குகிறது. அதிலும் நூறு லிட்டருக்கு ஒரு கிலோ புரதம்கூடத் தேறாது. நுண் சவ்வுகளில் வடிகட்டி, தெளித்து உலர்த்தும் பெரிய ஆலைகளால்தான் அதைப் பொடியாக்க முடியும். நம் பக்கத்து ஆரோவில்லிலும் சீஸ் செய்கிறார்கள். அங்கே போய் வே பொடி கிடைக்குமா என்று யாரும் கேட்டுவிடாதீர்கள்.

கேசீனை மட்டும் பிரித்துச் செய்யும் சோடியம் கேசினேட்டையும் விட்டுவைக்கவில்லை. சூட்டுக்கு அசையாது, புரதம் 90 சதவீதத்தை ஒட்டி இருக்கும், லாக்டோஸ் பயம் இல்லை. காகிதத்தில் பார்த்தால் குறையே இல்லாத மாப்பிள்ளை. கஞ்சியில் கலந்தால் பசை. கரண்டியைத் தூக்கினால் இழை இழையாக வழிகிறது. அதோடு ஒருவகைப் பழைய வாடையும் சேர்ந்துகொள்கிறது. ஏலக்காய் போட்டும் அடங்கவில்லை. பெயரிலேயே சோடியம் இருப்பதால் ரத்த அழுத்தக்காரர்கள் இருக்கும் வீட்டுக்குக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. கால்சியம் கேசினேட்டில் உப்புத் தொல்லை இல்லை, ஆனால் நாக்கில் சுண்ணாம்பு தடவியது போல இருக்கிறது. இரண்டையும் விட்டுவிட்டேன்.

இப்போது மாவில் நிரந்தரமாகச் சேர்ப்பது பால் புரத கான்சன்ட்ரேட். பாலில் இருக்கும் அதே விகிதத்தில் கேசீனும் வேயும் சேர்ந்திருக்கும். வடிகட்டும்போது லாக்டோஸ் பெரும்பகுதி போய்விடும். கஞ்சியோடு கொதிக்கவைத்தால் திரியாது, துகள் கட்டாது, பால் ஊற்றிக் காய்ச்சிய நிறம் வரும். வயிற்றிலும் நின்று வேலை செய்கிறது. வயிற்று அமிலத்தில் கேசீன் தயிர் போல உறைந்து மெதுவாகச் செரிக்கும். 1997-இல் பிரெஞ்சு ஆய்வாளர்கள் வெளியிட்ட ஓர் ஆய்வு இதை அளந்து காட்டியது: வே குடித்தவர்களின் ரத்தத்தில் அமினோ அமிலம் சட்டென ஏறி இறங்கியது; கேசீன் குடித்தவர்களுக்கு ஏழு மணி நேரம் வரை நீடித்தது. இரவு எட்டு மணிக்குக் கஞ்சி குடித்துவிட்டுப் படுக்கும் மாமா, நடுச்சாமத்தில் பிஸ்கட் டப்பாவைத் திறப்பதை நிறுத்திவிட்டார். வே கலந்த நாட்களில் டப்பா சத்தம் கேட்டுக்கொண்டுதான் இருந்தது.

குறை இல்லாமல் இல்லை. இந்தப் பொடி தண்ணீரில் சீக்கிரம் நனையாது. மாவோடு உலர்வாகவே கலந்து, தண்ணீர் ஊற்றிக் கரைத்துக் கால் மணி நேரம் ஊறவிட்டு அடுப்பேற்ற வேண்டும். பழைய சரக்கு இன்னும் மோசம். சூட்டிலும் ஈரத்திலும் நாள்பட்டுக் கிடந்தால் அதன் கரையும் தன்மை குறைந்துகொண்டே போகும். கடலோர ஊரில் இது சின்ன விஷயமில்லை. ஐப்பசி, கார்த்திகையில் உப்பு டப்பாவே கசிகிறது; புரதப் பொடியைப் பற்றிக் கேட்க வேண்டாம். பால் பவுடர், லாக்டோஸ் நிறைய இருப்பதால், இன்னும் சீக்கிரம் கட்டி தட்டும். மஞ்சள் பாய்ந்து காறல் வாடை அடிக்கும். சர்க்கரையும் லைசினும் ஒன்றையொன்று பிடித்துக்கொள்வதன் அடையாளம் அது. அப்படி நிறம் மாறிய பொடியில், நாம் எதற்காக வாங்கினோமோ அந்த லைசினே கொஞ்சம் வீணாகியிருக்கும். எனவே மூட்டை மலிவு என்று வாங்குவதில்லை. தயாரிப்புத் தேதி பார்த்துச் சின்னப் பையாக வாங்கி, எவர்சில்வர் டப்பாவில் அடைத்து, ஈரமில்லாத கரண்டி போட்டுவைக்கிறேன். 2024 நவம்பர் இறுதியில் ஃபெஞ்சல் புயல் வந்தபோது பால் வரத்து நின்று, மின்சாரமும் போய், குளிர்பதனப் பெட்டி வெறும் அலமாரியானது. அந்த நாட்களில் தண்ணீரில் காய்ச்சிய இந்தக் கஞ்சிதான் வீட்டுக்கே சாப்பாடு.

வேயை ஒதுக்கிவிடவில்லை. கான்சன்ட்ரேட்டைவிட இன்னும் சுத்தமாகப் பிரித்தெடுத்த வே ஐசோலேட்டில் புரதம் 90 சதவீதம், கொழுப்பும் லாக்டோஸும் ஏறக்குறைய இல்லை, நான் வாங்கும் இடத்தில் கான்சன்ட்ரேட்டைப் போல ஒன்றரை மடங்கு விலை. கேசீன் தோற்கும் இடத்தில் இது ஜெயிக்கிறது: புளிப்பு. எலுமிச்சை பிழிந்த நன்னாரி சர்பத்தில் பால் புரத கான்சன்ட்ரேட்டைப் போட்டால் திரிந்துபோகும். ஐசோலேட் அமைதியாகக் கரைகிறது. சித்திரை வெயிலில் கஞ்சி வேண்டாம் என்று மாமா முகத்தைத் திருப்பும்போது இந்தச் சர்பத்துதான் கை கொடுக்கிறது. ஹைட்ரோலைசேட் வகையை ஒரு மடக்கோடு நிறுத்திவிட்டேன். நொதிகளால் முன்கூட்டியே உடைக்கப்பட்ட புரதம். கசப்பு வேப்பங்கொழுந்துக்குச் சளைத்ததில்லை. மருத்துவர் எழுதிக் கொடுத்தாலொழிய அந்த விலை கொடுக்கக் காரணம் இல்லை.

வாங்கும்போது பதினான்கு இலக்க உணவுப் பாதுகாப்பு உரிம எண்ணோடு அமினோ அமிலப் பட்டியலையும் கேளுங்கள். புரதத்தை அளக்கும் வழக்கமான முறையில் நைட்ரஜனை அளந்து, பாலுக்கு 6.38 என்ற எண்ணால் பெருக்குகிறார்கள். கிளைசின் என்ற விலை மலிவான அமினோ அமிலத்தைக் கலந்தாலும் நைட்ரஜன் ஏறும். காகிதத்தில் புரதமும் ஏறும். 2008-இல் சீனாவில் குழந்தைகளின் பால் மாவில் நைட்ரஜன் நிறைந்த மெலமைன் என்ற தொழிற்சாலை ரசாயனத்தைக் கலந்தது இதே ஓட்டையில்தான். நல்ல வேயில் நூறு கிராம் புரதத்துக்குச் சுமார் பத்து கிராம் லூசின் என்ற அமினோ அமிலம் இருக்கும், கிளைசின் இரண்டு கிராமை ஒட்டித்தான் இருக்கும். எனக்கு வழக்கமாகச் சரக்கு அனுப்பிவந்த ஒரு வியாபாரி, "அந்தப் பட்டியல் எல்லாம் உங்களுக்கு எதற்கம்மா?" என்று கேட்டார். அவரிடம் வாங்குவதை அன்றோடு நிறுத்திவிட்டேன்.

சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு மருத்துவர் சொல்லாமல் நான் இந்த மாவைக் கொடுப்பதில்லை. பால் ஒவ்வாமை உள்ளவர்களுக்கு ஐசோலேட் உட்பட எதுவுமே ஆகாது. உடம்பை ஏற்றப் புரதப் பொடி குடிப்பதைத் தவிர்க்கச் சொல்லி இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2024 உணவு வழிகாட்டியும் எழுதியிருக்கிறது. அக்கா மகனிடம் அதைப் படித்துக் காட்டினேன். குப்பியைக் குலுக்கிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தான்.