கொக்கலையா, கித்துல்கலையா, கொழும்பேயா? ஒரே நாளில் யுத்தமும் ஆறும்

ரொறன்ரோவில் இருந்து மாமா வந்திருந்தார். வரும் வழியில் வியட்நாமில் நாலு நாள் நின்றுவிட்டு வந்தவர். கொழும்பில் எங்கள் வெள்ளவத்தை வீட்டில் கால் வைத்ததில் இருந்து ஹோ சி மின் நகரில் போன ஒரு நாள் சுற்றுலாவைப் பற்றித்தான் பேச்சு. காலையில் வியட்நாம் யுத்தத்தில் போராளிகள் பதுங்கியிருந்த கூச்சி சுரங்கங்கள், பின்னேரம் மேகோங் ஆற்றில் வள்ளம். சுரங்கம் நகரத்துக்கு வடமேற்கே, ஆறு தென்மேற்கே. ஆகவே பாதி நாள் பஸ்ஸுக்குள்ளேயே போய்விட்டது. அதையும் அவரே சொன்னார். சொல்லிவிட்டு, "இஞ்சையும் அப்பிடி ஒண்டு இருக்கோ தம்பி?" என்று கேட்டார்.

குசினிக்குள் இருந்து மாமியின் குரல் வந்தது: "யுத்தம் பாக்கக் காசு குடுத்துப் போகோணுமே? அது வீட்டு வாசலுக்கே வந்ததுதானே."

கொஞ்ச நேரம் ஒருவரும் பேசவில்லை. பிறகு எல்லோரும் சிரித்தோம். ஆகவே முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இங்கே நான் சொல்லும் யுத்தம் 1942இல் ஜப்பான்காரன் கொழும்பில் குண்டு போட்ட யுத்தம். மற்றதை ஒரு நாள் சுற்றுலாவில் அடக்க எனக்கு மனமில்லை.

மாமா நின்ற ஆறு வாரத்தில் மூன்று பயணம் போனோம். மாமா, மாமி, பதினாலு வயதுப் பேரன், நான். மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் எது யாருக்குச் சரிவரும் என்று இப்போது சொல்லமுடிகிறது.

முதலில் போனது கித்துல்கலை, ஏனென்றால் எல்லா ஏஜென்சியும் முதலில் நீட்டுவது அதைத்தான். கொழும்பில் இருந்து அவிசாவளை வழியாக ஏறக்குறைய 90 கிலோமீட்டர். அவிசாவளை தாண்டும்வரை நெரிசல், அதற்குப் பிறகு இரண்டு பக்கமும் றப்பர் தோட்டம், கீழே களனி கங்கை. ஆறு என்ற கணக்கில் இதற்கு முழுப் புள்ளி. தண்ணீர் பாறைகளுக்கு நடுவே இரைந்துகொண்டு போகிறது. காற்றடைத்த றப்பர் படகில் ஏறினால் சின்னவனுக்கு வேறு ஒன்றும் தேவையில்லை. மேலே உள்ள நீர்மின் நிலையங்கள் தண்ணீர் விடுவதைப் பொறுத்துத்தான் ஆற்றின் வேகம் அமையும். அதனால் போகமுதல் போன் பண்ணி நேரம் கேட்கவேண்டும். நாங்கள் கேட்காமல் போய் இரண்டு மணித்தியாலம் கடையில் பிளேன்டீ குடித்துக்கொண்டு இருந்தோம்.

யுத்தம் என்ற கணக்கில் வந்தால்தான் சிக்கல். கித்துல்கலையில் யுத்தம் நடக்கவில்லை. யுத்தப் படம்தான் நடந்தது. க்வாய் நதிப் பாலத்தைப் பற்றிய அந்தப் புகழ்பெற்ற ஆங்கிலப் படத்துக்காக இங்கே களனிக்கு மேலே ஒரு மரப்பாலம் கட்டி, 1957 மார்ச்சில் கமராவுக்கு முன்னால் ரயிலோடு சேர்த்து வெடிக்க வைத்தார்கள். படம் அதே வருடம் வெளிவந்து ஏழு ஒஸ்கார் விருது வாங்கியது. இன்றைக்கு மிஞ்சியிருப்பது ஆற்றங்கரையில் கொங்கிறீட் அத்திவாரம் மட்டும். அதைப் பார்க்க வீட்டு வளவுகளுக்கு நடுவே ஒரு ஒற்றையடிப் பாதையில் இறங்கவேண்டும். மழைக்குப் பிறகு போனால் அட்டை ஏறும். மாமி இரண்டாவது வளைவிலேயே திரும்பிவிட்டார்.

எனக்கு உறுத்தியது வேறு. அசல் பாலம் தாய்லாந்தில், காஞ்சனபுரியில் இருக்கிறது. அது இரும்புப் பாலம். சயாமில் (அதுதான் இன்றைய தாய்லாந்து) இருந்து பர்மாவுக்கு 415 கிலோமீட்டர் நீளத்துக்கு ஜப்பான் ராணுவம் போட்ட அந்த ரயில் பாதையில் செத்தவர்கள் வெள்ளைக்காரப் போர்க்கைதிகள் மட்டுமில்லை. மலாயா றப்பர் தோட்டங்களில் இருந்து கொண்டுபோகப்பட்ட தமிழர்கள் பல்லாயிரம் பேர் அந்தக் காட்டில் காய்ச்சலிலும் பட்டினியிலும் செத்தார்கள். கைதிகளைவிட ஆசியத் தொழிலாளர்கள்தான் பல மடங்கு அதிகமாக இறந்தார்கள். எங்களுக்கு வந்த கைட் படத்தின் நடிகர்கள் யார் எங்கே நின்றார்கள் என்பதை ஒரு மூச்சில் ஒப்பித்தார். அந்தப் பாதையில் தமிழர் வேலை செய்தது தெரியுமா என்று கேட்டேன். "அப்படியா சேர்?" என்றார். குற்றம் சொல்லவில்லை. அவர் படித்து வைத்திருப்பது படத்தின் கதையைத்தான்.

ஆகவே கித்துல்கலைக்குப் பிள்ளைகளோடு ஆற்றுக்காகப் போங்கள். யுத்த வரலாறு என்று ஏஜென்சி போடும் மேலதிகக் காசைக் கட்டாதீர்கள். றாஃப்டிங்குக்கு மட்டும் தனியாகப் பேசலாம்.

இரண்டாவது, கொழும்பே. இது பக்கேஜ் இல்லை, நாங்களே பின்னிக்கொண்டது. எங்கள் ஒழுங்கையில் இருக்கும் இளைப்பாறிய வரலாற்று வாத்தியார் ஒருவரைக் கைடாகக் கூட்டிக்கொண்டு இரண்டு ஓட்டோவில் கிளம்பினோம். காசு வாங்க மறுத்துவிட்டார், மத்தியானச் சாப்பாடு மட்டும்தான்.

முதலில் ரேஸ்கோர்ஸ். இன்றைக்கு அங்கே கடைகளும் றக்பி மைதானமும். 1942இல் குதிரை ஓடிய அந்த நிலத்தை விமான ஓடுபாதையாக்கி, ஹரிகேன் சண்டை விமானங்களை நிறுத்தி வைத்திருந்தார்கள். ஏப்ரல் 5, ஈஸ்டர் ஞாயிறு. காலை எட்டு மணிக்கு முன்பே, பேர்ள் துறைமுக விமானத் தாக்குதலுக்குத் தலைமை தாங்கிய அதே ஃபுச்சிடா, ஜப்பான் கடற்படைத் தளபதி நகுமோவின் விமானந்தாங்கிக் கப்பல்களில் இருந்து நூற்றுக்கும் மேற்பட்ட விமானங்களோடு கொழும்புக்கு மேலே வந்துவிட்டார். ரத்மலானையில் இருந்தும் இந்த ரேஸ்கோர்ஸில் இருந்தும் ஹரிகேன்கள் ஏறின. துறைமுகத்தில் ஹெக்டர், டெனடோஸ் என்ற இரண்டு கப்பல்கள் மூழ்கின. அங்கொடை மனநல ஆஸ்பத்திரியிலும் குண்டு விழுந்தது. அதே நாள் தெற்கே கடலில் கோர்ன்வால், டோர்செட்ஷயர் என்ற இரண்டு பெரிய போர்க்கப்பல்கள் தாண்டு, 424 பேர் இறந்தார்கள்.

கோப்பிக் கடை வாசலில் நின்று வாத்தியார் இதையெல்லாம் சொல்லும்போது பக்கத்து மேசைக்காரர் இரண்டு பேர் கதிரையைத் திருப்பிப் போட்டுக்கொண்டு கேட்டார்கள். குண்டு விழுந்த கையோடு வாத்தியாரின் தகப்பனார் தாயையும் பிள்ளைகளையும் யாழ்ப்பாணத்துக்கு ரயிலேற்றிவிட்டுத் தான் மட்டும் கந்தோருக்குப் போய் வந்தாராம். "அப்ப கொழும்பு பயமெண்டு யாழ்ப்பாணம் ஓடினம். பிறகு..." என்று தொடங்கியவர் அங்கேயே நிறுத்திவிட்டு ஓட்டோவைக் கூப்பிட்டார்.

விகாரமகாதேவி பூங்காவில் நிற்கும் போர் நினைவுத்தூண் முதலில் காலிமுகத்திடலில் நின்றது. அது ஜப்பான்காரனுக்குக் குறி பார்க்க உதவும் என்று பயந்து யுத்த காலத்தில் கழற்றி இங்கே கொண்டுவந்து நட்டார்கள். தினமும் அதைக் கடந்து போகிற எனக்கு இது தெரியாது. லிவெரமென்ட்டு மயானத்தில் பொதுநலவாய வீரர்களின் கல்லறைகள் வரிசையாக இருக்கின்றன. சின்னவன் ஒவ்வொரு கல்லிலும் வயதைப் படித்துக்கொண்டே போனான். கித்துல்கலையில் அவன் இவ்வளவு நேரம் வாய் மூடி இருக்கவில்லை.

ஆறு? அதற்கு வடக்கே வத்தளைப் பக்கம் போகவேண்டும். பிரிட்டிஷ்காரன் 1800களின் தொடக்கத்தில் வெட்டிய ஹமில்டன் வாய்க்காலிலும் முத்துராஜவெல சதுப்பு நிலத்திலும் வள்ளம் விடுகிறார்கள். கபரக்கொய்யா என்கிற நீர் உடும்பும் மீன்கொத்தியும் நிறைய. வாய்க்கால் கரையில் உடுப்புத் தோய்க்கிறார்கள், வலை பின்னுகிறார்கள், சைக்கிள் கழுவுகிறார்கள். ஆற்றங்கரை வாழ்க்கை என்று விளம்பரத்தில் போடுவது நிஜத்தில் இதுதான். பிளாஸ்டிக் போத்தலும் நிறைய, அதையும் மறைக்கத் தேவையில்லை. ஆனால் காலையில் பார்த்த யுத்தத்துக்கும் பின்னேரம் பார்த்த தண்ணீருக்கும் தொடர்பில்லை. மாமாவின் கூச்சி, மேகோங் கதைதான், பஸ் ஓட்டம் மட்டும் குறைவு. செலவு மூன்றிலும் இதுதான் மிகக் குறைவு. வயதானவர்களுக்கும் இதுதான் வசதி, களைத்தால் வீட்டுக்குத் திரும்பிவிடலாம்.

மூன்றாவது தெற்கு. இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்லவேண்டும், ஏனென்றால் இங்கேதான் ஏஜென்சிகள் நல்ல சாமானைக் கெட்ட பொட்டலத்தில் கட்டி விற்கின்றன.

வழக்கமான பொட்டலம் இப்படி: அதிவேகப் பாதையில் இறங்கிப் பலப்பிட்டியில் மாது கங்கை வள்ளம், ஆமைக் குஞ்சுப் பண்ணை, காலிக் கோட்டை, கடைசியில் கொக்கலையில் கம்பு மேல் இருந்து மீன் பிடிப்பவர்களோடு போட்டோ. கொக்கலையின் யுத்த வரலாறு என்று தாளில் எழுதியிருப்பார்கள். நடைமுறையில் அது வான் யன்னலால் கைட் கை காட்டும் இரண்டு நிமிடம்.

மாது கங்கை அழகில்லை என்று சொல்லவரவில்லை. 2003இல் ராம்சார் ஈரநிலமாக, அதாவது சர்வதேச முக்கியத்துவமுள்ள ஈரநிலமாக, அறிவிக்கப்பட்ட இடம். கண்டல் மரங்கள் இரண்டு பக்கமும் வளைந்து சுரங்கம்போல் மூடிக்கொள்ளும் இடத்தில் வள்ளம் நுழையும்போது, முன்பு நாங்கள் போன பயணத்தில் மாமிகூட வாயைப் பிளந்தார். நடுவே கோத்துவை விகாரை இருக்கும் தீவு, இன்னொரு தீவில் கறுவா பட்டை உரித்துக் காட்டும் குடும்பம். ஆனால் ஞாயிற்றுக்கிழமைகளில் வள்ளத்துக்குப் பின்னால் வள்ளம். கால் கடிக்கும் மீனுக்கு ஒரு காசு, முதலைக் குஞ்சைக் கையில் வைத்துப் படம் எடுக்க இன்னொரு காசு. அந்த முதலைக் குஞ்சு விஷயத்துக்கு மட்டும் தயவுசெய்து காசு கொடுக்காதீர்கள். போகிறவர்கள் காலை எட்டு மணிக்கு முன்பே போங்கள். விலை வள்ளத்துக்கா, தலைக்கா என்று ஏறமுதல் கேட்டுக்கொள்ளுங்கள். நாங்கள் ஒருமுறை கேட்காமல் விட்டு, இறங்கும்போது வாக்குவாதப்பட்டோம்.

இந்த முறை வானும் ஓட்டுநர் கைடும் தனியாகப் பிடித்து, ஆமைப் பண்ணையையும் மாது கங்கையையும் வெட்டிவிட்டு நேரே கொக்கலைக்குப் போனோம். கொழும்பில் இருந்து ஏறக்குறைய 130 கிலோமீட்டர். கொக்கலைக் களப்பில் வள்ளம் எடுத்தோம். அன்றைக்கு எங்களைத் தவிர தண்ணீரில் இரண்டு மீனவர்கள்தான்.

நடுக்களப்பில் வள்ளக்காரர் எஞ்சினை நிறுத்தினார். கைட் எழும்பி நிற்கவில்லை, குரலை உயர்த்தவும் இல்லை. களப்பில் விரலை நனைத்து, வள்ளத்தின் குறுக்குப் பலகையில் மாங்காய்போல் இலங்கையை வரைந்தார். கீழே ஒரு புள்ளி: கொக்கலை. பிறகு கையை நீட்டி, பலகையின் மற்ற ஓரத்தில், மாமாவின் முழங்காலுக்குக் கிட்ட, இன்னொரு புள்ளி: ஜப்பான் கப்பற்படை.

நாங்கள் மிதந்துகொண்டிருந்த அதே தண்ணீர்தான் கட்டலீனா கடல் விமானங்களின் ஓடுபாதை. 1942 ஏப்ரல் 4 விடியமுதல், கனடா விமானப்படையின் லியனார்ட் பேர்ச்சல் என்பவர் இங்கிருந்து கிளம்பினார். அவர் இலங்கைக்கு வந்தே இரண்டு நாள். நாள் முழுக்கப் பறந்து, திரும்பும் நேரத்தில் தெற்கே தூரத்தில் கப்பல்களைக் கண்டு, கிட்டப் போய்ப் பார்த்து, செய்தி அனுப்பிக்கொண்டிருக்கும்போதே சுட்டு விழுத்தப்பட்டார். விமானத்தில் இருந்த ஒன்பது பேரில் ஆறு பேர் பிழைத்து, யுத்தம் முடியும்வரை ஜப்பானில் சிறை இருந்தார்கள். அந்தச் செய்தி வந்ததால்தான் கொழும்புத் துறைமுகத்தில் இருந்து பெரும்பாலான கப்பல்களை முன்கூட்டியே வெளியேற்ற முடிந்தது. கனடாவில் முப்பது வருடம் இருந்த மாமாவுக்கு இந்தப் பெயரே தெரியாது. "ஸ்கூலில சொல்லித் தந்தவங்களோ?" என்று பேரனைக் கேட்டார். அவன் தோளைக் குலுக்கினான். பலகையைத் திரும்பிப் பார்த்தால் இலங்கை பாதி காய்ந்துவிட்டது.

கைட் இன்னொரு கதையும் சொன்னார். 1943 முதல் 1945 வரை ஒஸ்திரேலியாவின் குவாண்டாஸ் நிறுவனத்துக் கட்டலீனாக்கள் பேர்த்தில் இருந்து இந்தக் களப்புக்கு நிற்காமல் பறந்து வந்தன. ஒரு பயணம் 27 முதல் 33 மணித்தியாலம், பயணிகள் மூன்று பேர் மட்டும். வழியில் இரண்டு முறை சூரியன் உதிப்பதைப் பார்ப்பார்களாம். கட்டுநாயக்கா விமான நிலையத்தில் ஆறு மணித்தியாலம் தாமதம் என்று சண்டை போட்ட மாமா இதற்குப் பேசாமல் இருந்தார்.

கரையில் பார்க்க அதிகம் இல்லை என்பதையும் சொல்லவேண்டும். தளம் இன்றைக்கும் விமானப்படையிடம்தான் இருக்கிறது, நினைத்தபடி உள்ளே போகமுடியாது. மார்ட்டின் விக்கிரமசிங்க நாட்டார் அருங்காட்சியகம் கிட்டத்தான். தளத்துக்காக ஊரையே காலி செய்தபோது தப்பிய அவருடைய பிறந்த வீடு அந்த வளவுக்குள் இருக்கிறது. ஒரு மணித்தியாலம் தாராளமாகக் கொடுக்கலாம். கம்பு மேல் மீன் பிடிக்கும் வழக்கமும் அந்த யுத்த காலப் பஞ்சத்தில்தான் தொடங்கியது என்று சொல்கிறார்கள். இப்போது கம்பில் இருப்பவர்களில் பலர் மீனைவிடக் கமராவைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள், கீழே ஒருவர் காசு கேட்க நிற்பார். எனக்கு அது ஒட்டவில்லை. மாமி மட்டும் ஐந்து படம் எடுத்தார்.

ஆகவே என் தெரிவு கொக்கலை. மாமா கேட்டது யுத்தமும் ஆறும். அவை இரண்டும் ஒரே தண்ணீரில் இருப்பது இங்கே மட்டும்தான். கண்ணுக்கு எச்சம் ஒன்றும் இல்லாத இடம் என்பதால் கைட் வாயில்லாதவர் என்றால் பயணம் வெறும் வள்ள ஓட்டம். எங்களுக்கு வந்தவர் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் சொல்ல, மாமிக்கு நான் தமிழில் சொன்னேன். நான் தேடியவரை தமிழில் சொல்லக்கூடிய கைட் தெற்குப் பக்கம் கிடைக்கவில்லை. கிடைத்தால் விடாதீர்கள். மே முதல் செப்டெம்பர் வரை மழையும் கொந்தளிப்பும் இருக்கும், அந்த மாதங்களில் கொழும்புச் சுற்றே மேல்.

அட்வான்ஸ் கட்டமுதல் கைடோடு போனில் ஒரு தரம் பேசுங்கள். கொக்கலையில் என்ன காட்டுவீர்கள் என்று கேளுங்கள். கம்பு மீன்காரர், கறுவாத் தீவு என்று தொடங்கினால் வானை மட்டும் பேசுங்கள். கட்டலீனா என்று தொடங்கினால் அவர் கேட்கிறதைக் கொடுக்கலாம்.