சிவப்பு எச்சரிக்கை வந்தால் முதலில் பைல் இருக்கும் இடத்தைப் பாருங்கள்

பாதுகாப்பு மென்பொருள் ஒரு பைலைக் காட்டி "பழைய பதிப்பு, ஆபத்தானது" என்று சொன்னதும் அந்தப் பைலைத் தேடிப்பிடித்து அழிப்பதுதான் வீட்டுக் கணினிகளில் அடிக்கடி நடக்கிற பிழை. எச்சரிக்கை பெரும்பாலும் சரியாகவே இருக்கும். ஆனால் அந்தப் பைல் ஏதோ ஒரு புரோகிராமோடு வந்தது. புதுப்பிக்கவோ கழற்றவோ வேண்டியது அந்தப் புரோகிராமைத்தான். பைலை மட்டும் அழித்தால் எச்சரிக்கை போய்விடும், அடுத்த நாள் புரோகிராம் திறக்காது. எது எந்தப் புரோகிராமின் பைல் என்பதை எச்சரிக்கையின் அடியில் சின்ன எழுத்தில் இருக்கும் நீண்ட முகவரி சொல்லிவிடும். விண்டோஸ் 10, 11 இரண்டிலும் விண்டோஸோடே வருகிற டிஃபென்டர் என்ற அன்டிவைரஸ், கட்டண அன்டிவைரஸ், அப்டேட் தேடும் தனிக் கருவிகள் என்று பலதை நெடுநாள் பாவித்ததில் உறுதியாகத் தெரிந்தவை கீழே.

முதலில் எச்சரிக்கை எங்கிருந்து வருகிறது என்று பார்க்க வேண்டும். வலது கீழ் மூலையில் "உங்கள் அன்டிவைரஸ் காலாவதியாகிவிட்டது, உடனே புதுப்பிக்கவும்" என்று திரும்பத் திரும்ப வருவது பல வீடுகளில் அன்டிவைரஸின் வேலையே இல்லை. படம் இறக்கப் போன ஏதோ ஒரு தளத்தில் யாரோ 'அலவ்' பட்டனை அழுத்தியிருப்பார்கள். அன்றிலிருந்து அந்தத் தளம் குரோம் வழியாக அறிவித்தல் அனுப்பிக்கொண்டிருக்கும். பெட்டிக்குள் குரோம் என்ற பெயரும் தளத்தின் முகவரியும் மங்கலாகத் தெரியும். குரோம் செட்டிங்ஸில் பிரைவசி அன்ட் செக்யூரிட்டி, சைட் செட்டிங்ஸ், நோட்டிபிகேஷன்ஸ் என்று போய், அனுமதி பெற்ற பட்டியலில் தெரியாத தளங்களை நீக்கினால் நின்றுவிடும். அன்டிவைரஸை நேரே திறந்து பாருங்கள். உண்மையான எச்சரிக்கை என்றால் அங்கேயும் அதே செய்தி இருக்கும்.

வைரஸ் பட்டியல் பழையது என்று சொல்வது இன்னொரு வகை. டிஃபென்டருக்குப் புதிய பட்டியல் ஒரே நாளில் பல தடவை வெளியாகும். விண்டோஸ் செக்யூரிட்டிக்குள் வைரஸ் அன்ட் த்ரெட் புரொடெக்‌ஷன், அதற்குள் புரொடெக்‌ஷன் அப்டேட்ஸ், அங்கே 'செக் ஃபோர் அப்டேட்ஸ்' அழுத்தினால் சில நிமிடத்தில் சரியாகிவிடும். சரியாகவில்லையென்றால் திரையின் மூலையில் திகதியைப் பாருங்கள். மதர்போர்டில் இருக்கும் சிஆர் 2032 என்ற 3 வோல்ட் காசு பட்டரி இறந்தால் கணினி பழைய திகதிக்குப் போய்விடும். திகதி பிழைத்தால் பாதுகாப்புச் சான்றிதழ்கள் செல்லாமல் போகும், அப்டேட் இறங்காது, எந்தத் தளத்தைத் திறந்தாலும் "இணைப்பு பாதுகாப்பானதல்ல" என்று வரும். திருமலையில் மாரி காலத்தில் இது அதிகம் தெரியவரும். இடி மின்னலுக்குப் பயந்து சுவர் பிளக்கையே கழற்றி வைக்கிறோம், அது நல்ல பழக்கம்தான். ஆனால் பிளக்கில் இருக்கும்வரை கடிகாரத்துக்கு மின்சாரம் பவர் சப்ளையிலிருந்து போகும், கழற்றியதும் முழுச் சுமையும் அந்தக் காசு பட்டரியில் விழும். ஏற்கெனவே தளர்ந்த பட்டரி அதோடு முடிந்துவிடும். மாற்றும்போது கணினியை முழுதாக அணைத்து, பிளக்கைக் கழற்றி, பட்டரியில் எழுத்துள்ள பக்கம் மேலே வரும்படி போடுங்கள். பிறகு பயோஸில் (விண்டோஸுக்கு முன்னால் கணினியை எழுப்புகிற அடிப்படை மென்பொருள்) திகதியையும் நேரத்தையும் ஒருமுறை சரிசெய்து சேமிக்க வேண்டும்.

கட்டண அன்டிவைரஸின் காலம் முடிந்துவிட்டால் அதை அப்படியே விட்டுவைக்க வேண்டாம். அது கணினியில் இருக்கும்வரை டிஃபென்டர் ஒதுங்கியே இருக்கக்கூடும். நிறுவனம் தருகிற நீக்கும் கருவியால் சுத்தமாகக் கழற்றி, ஒருமுறை ரீஸ்டார்ட் செய்தால் டிஃபென்டர் தானாக எழும்பும்.

இனி முக்கியமான வகை: புரோகிராம்களின் பழைய பைல்கள். வீட்டுப் பாவனையாளருக்கு இதைச் சொல்லித்தருவதில் செக்கியூனியா பிஎஸ்ஐ என்ற இலவசக் கருவி முன்னோடி. 2018 ஏப்ரலில் அதை நிறுத்திவிட்டார்கள். இன்று அந்த வேலையைச் சில அன்டிவைரஸ்களும், பட்ச் மை பிசி போன்ற தனிக் கருவிகளும், விண்டோஸோடு வருகிற, கட்டளை எழுதி இயக்குகிற விங்கெட்டும் செய்கின்றன. விங்கெட்தான் எங்கள் முதல் தெரிவு. விளம்பரம் இல்லை, இப்போதுள்ள பதிப்பையும் கிடைக்கிற பதிப்பையும் பக்கத்தில் பக்கத்தில் நிரல்படுத்திக் காட்டும். ஒரு குறை, தன் பதிப்பு எண்ணைச் சரியாகச் சொல்லாத புரோகிராம்களை அது கேட்காமலே விட்டுவிடும். எந்தக் கருவியானாலும் ஒன்று போதும். 'டிரைவர் அப்டேட்டர்' என்று காசு கேட்டு வருபவை பக்கமே போக வேண்டாம். பிழையான டிரைவரைப் போட்டால் சத்தமோ வைஃபையோ நின்றுபோகும். டிரைவர்களை விண்டோஸ் அப்டேட்டும் கணினி நிறுவனத்தின் தளமும் தரும்.

முகவரியை வாசிப்பதற்கு வின்ரார் நல்ல உதாரணம், ஏனென்றால் அது இல்லாத வீட்டுக் கணினி குறைவு. சி டிரைவில் 'புரோகிராம் பைல்ஸ்' கோப்புறை, அதற்குள் 'வின்ரார்', அதற்குள் 'யூஎன்ஏசிஇவி2' என்ற டிஎல்எல் (புரோகிராம் துணைக்கு வைத்திருக்கிற பைல்) என்று எச்சரிக்கை சொன்னால், அது ஏஸ் என்ற பழைய வகைச் சுருக்கப் பைல்களைத் திறக்கிற பகுதி. 2005 க்குப் பிறகு புதுப்பிக்கப்படாதது. அதிலுள்ள ஓட்டை 2019 பெப்ரவரியில் வெளியே வந்தது. ரார் என்று பெயர் மாற்றிய ஒரு ஏஸ் பைலைத் திறந்தால் போதும், உள்ளே இருக்கும் தீய புரோகிராம் நேரே ஸ்டார்ட்அப் கோப்புறைக்குள் போய் உட்கார்ந்து, அடுத்த முறை கணினியைப் போடும்போது ஓடும். வின்ரார் செய்தவர்களிடம் அந்தப் பகுதியின் மூல நிரல் இருக்கவில்லை. திருத்த வழியில்லாததால் 5.70 பதிப்பில் ஏஸ் ஆதரவையே எடுத்துவிட்டார்கள். அதன்பிறகும் 2023 ஓகஸ்டில் 6.23, 2025 ஜூலையில் 7.13 என்று பெரிய ஓட்டைகளை அடைத்த பதிப்புகள் வந்தன. வின்ரார் தன்னைத்தானே புதுப்பிக்காது. ஐந்தாறு வருடத்துக்கு முன் கடையில் போட்டுத்தந்தது அப்படியேதான் இருக்கும்.

அதன் தளத்திலிருந்து புதிய பதிப்பை எடுத்துப் போடுங்கள். இந்த ஒரு டிஎல்எல்லை மட்டும் கையால் அழிப்பதில் ஆபத்தில்லை, ஏஸ் பைல்கள் திறக்காது, அவ்வளவுதான். இது விதிவிலக்கு, மற்றதற்கு இப்படிச் செய்யாதீர்கள்.

புதிதைப் போட்ட பிறகும் எச்சரிக்கை போகவில்லை என்பது அடுத்து வரும் கேள்வி. திரும்ப முகவரியைப் பாருங்கள். 'புரோகிராம் பைல்ஸ்' என்பதற்குப் பின்னால் அடைப்புக்குள் எக்ஸ்86 என்று இருந்தால் அது 32 பிட் பதிப்பு. நீங்கள் இப்போது போட்டது 64 பிட், வேறு கோப்புறைக்குப் போயிருக்கும். பழையது அங்கேயே இருக்கிறது. விஎல்சி, 7-சிப் இரண்டிலும் இதே கதைதான். செட்டிங்ஸில் ஆப்ஸ் பட்டியலுக்குப் போய் ஒரே பெயரில் இரண்டு இருக்கிறதா என்று பார்த்து, பழைய எண்ணுள்ளதைக் கழற்றுங்கள்.

ஃபிளாஷ் பிளேயரில் இது இன்னும் சிக்கல். 2020 டிசம்பர் 31 உடன் அதன் ஆதரவு முடிந்தது, 2021 ஜனவரி 12 இலிருந்து அது எதையும் காட்டவும் மாட்டாது. ஆனால் 'மேக்ரோமெட்' என்ற கோப்புறையில் எச்சங்கள் கிடக்கும், அதுவும் இரண்டு இடத்தில்: சிஸ்டம்32, சிஸ்வாவ்64. பெயரைப் பார்த்து ஏமாற வேண்டாம், 64 பிட் விண்டோஸில் சிஸ்டம்32 க்குள் இருப்பது 64 பிட், சிஸ்வாவ்64 க்குள் இருப்பது 32 பிட். மைக்ரோசொஃப்டின் கேபி4577586 என்ற அப்டேட் விண்டோஸோடு வந்த ஃபிளாஷை மட்டுமே நீக்கும். அடோபி தளத்திலிருந்து யாரோ போட்டதை அடோபியின் நீக்கும் கருவியால்தான் எடுக்க வேண்டும். ஒன்றைச் செய்துவிட்டு மற்றதை விட்டதால்தான் அநேகருக்கு எச்சரிக்கை தொடர்கிறது. ஜாவாவின் பழைய பதிப்புகளும் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்கும். இன்றைய பிரவுசர்கள் எதற்கும் ஜாவா தேவையில்லை, அதைக் கேட்கிற புரோகிராம் வீட்டில் இல்லையென்றால் முழுதாகக் கழற்றலாம்.

தொடக்கூடாதவையும் உண்டு. மைக்ரோசொஃப்ட் விசுவல் சி பிளஸ் பிளஸ் என்று தொடங்கி 2008, 2010, 2013 என்ற ஆண்டுகளோடு ஆப்ஸ் பட்டியலில் வரிசையாக நிற்பவை பழையவை என்று தெரிந்தாலும் விட்டுவிடுங்கள். ஒவ்வொரு புரோகிராமும் தான் கட்டப்பட்ட ஆண்டின் தொகுதியையே தேடும். 2010 ஐக் கழற்றினால் "எம்எஸ்விசிஆர்100 இல்லை" என்று வரும், 2013 ஐக் கழற்றினால் "எம்எஸ்விசிஆர்120 இல்லை" என்று வரும். 2015 உம் அதற்குப் பிந்தியவையும் மட்டும் ஒன்றாகச் சேர்ந்தவை, அவற்றில் ஆகப் புதியது போதும். இல்லாமல் போன டிஎல்எல்லை, டிஎல்எல் தருகிறோம் என்று சொல்கிற தளங்களிலிருந்து ஒருபோதும் எடுக்க வேண்டாம். மைக்ரோசொஃப்டின் தளத்திலிருந்து அந்த ஆண்டின் முழுத் தொகுதியையும் இறக்கிப் போடுங்கள். முகவரியில் 'வின்எஸ்எக்ஸ்எஸ்' அல்லது விண்டோஸ் கோப்புறைக்குள்ளேயே 'இன்ஸ்டோலர்' என்று இருந்தாலும் கை வைக்காதீர்கள். முதலாவது விண்டோஸ் தன் பாகங்களை வைத்திருக்கிற இடம், இரண்டாவதை அழித்தால் பிறகு எந்தப் புரோகிராமையும் ஒழுங்காகக் கழற்றவோ திருத்தவோ முடியாமல் போகலாம். 'விண்டோஸ் ஓல்ட்' என்று இருந்தால் கவலையே வேண்டாம், பெரிய அப்டேட்டுக்குப் பிறகு 10 நாளில் அது தானாகப் போகும். அவசரமென்றால் செட்டிங்ஸில் ஸ்டோரேஜ், டெம்பரரி பைல்ஸ் வழியாக நீக்கலாம்.

டி டிரைவில் 'சொஃப்ட்வெயர்' என்று ஒரு கோப்புறை, கணினியைக் கட்டித்தந்த கடை போட்டுவிட்டது. திருமலை மத்திய வீதியில் வாங்கியதோ கொழும்பிலிருந்து வந்ததோ, அநேகமாக இது இருக்கும். உள்ளே இருக்கும் பழைய இன்ஸ்டோலர்களைத்தான் பல எச்சரிக்கைகள் குறிவைக்கின்றன. அவற்றை அழித்துவிடலாம். லான், வைஃபை டிரைவர்களை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். விண்டோஸைத் திரும்பப் போடும் நாளில் இணையத்துக்குப் போக அவைதான் உதவும். அதே கோப்புறையில் காசு கொடுக்காமல் விண்டோஸைச் செயற்படுத்துகிற 'ஆக்டிவேட்டர்' ஒன்று இருந்து அதை டிஃபென்டர் பிடித்தால், விட்டுவைக்கச் சொல்லி யார் சொன்னாலும் கேட்காதீர்கள். இன்னொன்றையும் பாருங்கள். விண்டோஸ் செக்யூரிட்டியின் செட்டிங்ஸில் 'எக்ஸ்குளூஷன்ஸ்' என்று ஒரு பட்டியல் உண்டு. ஆக்டிவேட்டர் அகப்படாமல் இருக்க அங்கே முழு சி டிரைவையும் சேர்த்துவிட்ட கணினிகள் இருக்கின்றன. அந்த டிரைவில் டிஃபென்டர் ஒன்றையுமே சோதிக்காது. பச்சை அடையாளம் மட்டும் அழகாக நிற்கும். எச்சரிக்கையே வராத கணினியைப் பற்றித்தான் கூடுதலாகக் கவலைப்பட வேண்டும்.

அப்டேட்டுக்கு நேரம் தெரிவு செய்வதும் இங்கே பெரிய விஷயம். மைக்ரோசொஃப்டின் மாதாந்தப் பாதுகாப்பு அப்டேட் ஒவ்வொரு மாதமும் இரண்டாம் செவ்வாய் வெளியாகும். இலங்கை நேரத்தில் அது இரவு 10.30, அமெரிக்கக் குளிர்கால நேரத்தில் 11.30. இரவுக்கெனத் தனி டேட்டா அளவு தருகிற பொதி வைத்திருப்பவர்களுக்கு இது வசதி. வைஃபை பெயரின் புரொப்பர்ட்டீஸில் 'மீட்டர்ட் கனெக்‌ஷன்' போட்டுவைத்தால் பெரிய இறக்கங்கள் பகலில் தானாகத் தொடங்காது, இரவில் அதை நிறுத்திவிட்டு இறக்கலாம். மீட்டர்ட்டைப் போட்டுவிட்டு மாதக்கணக்கில் மறந்துபோவதுதான் இதிலுள்ள ஆபத்து. 2017 இல் பைல்களைப் பூட்டிவிட்டுக் காசு கேட்கிற வன்னாகிரை என்ற தீய புரோகிராம் மே 12 அன்று பரவியபோது அதைத் தடுக்கும் அப்டேட் மார்ச் 14 இலேயே வந்திருந்தது. வீட்டில் இரண்டு கணினி இருந்தால் விண்டோஸ் அப்டேட் செட்டிங்ஸிலுள்ள டெலிவரி ஒப்டிமைசேஷனில் 'உள்ளூர் வலையமைப்பிலுள்ள கணினிகள்' என்பதைத் தெரிவு செய்யுங்கள், ஒன்று இறக்கியதை மற்றது அதிலிருந்தே எடுத்துக்கொள்ள முயலும்.

ஐப்பசி தொடக்கம் தை வரை கரண்ட் நின்று நின்று வரும். யூபிஎஸ் இல்லாமல் "அணைக்க வேண்டாம்" என்ற திரை ஓடும்போது கரண்ட் நின்றால் விண்டோஸ் பெரும்பாலும் பழைய நிலைக்குத் திரும்பித் தப்பிவிடும். பயோஸ் அப்டேட் அப்படித் தப்பாது, பல போர்டுகளில் அத்தோடு கணினி எழும்பாது. அதை மழை ஓய்ந்த பிறகு, யூபிஎஸ் பட்டரி நல்ல நிலையில் இருக்கும்போது மட்டும் செய்யுங்கள்.

தமிழ் எழுதுகிற பழைய கருவிகளையும் இந்தப் பட்டியலில் காண்பீர்கள். விசைகளை இடைமறித்தே அவை வேலை செய்வதால் சில அன்டிவைரஸ்கள் சந்தேகப்படும். விண்டோஸ் 10 இன் 2019 மே பதிப்பிலிருந்து தமிழ் ஒலியியல் விசைப்பலகை உள்ளேயே இருக்கிறது, யூனிகோடில் எழுதுவோருக்கு அது போதும். யூனிகோடுக்கு முந்திய பாமினி எழுத்துருவில் தட்டச்சிட்ட பழைய ஆவணங்களுக்கு அந்த எழுத்துருவை அப்படியே வைத்திருங்கள், அப்டேட் கருவிகள் அதைத் தேடுவதில்லை.

விண்டோஸ் 10 க்கான சாதாரண ஆதரவு 2025 ஒக்டோபர் 14 இல் முடிந்துவிட்டது. இதில்தான் பலர் குழம்புகிறார்கள். டிஃபென்டரின் வைரஸ் பட்டியல் விண்டோஸ் 10 க்கு 2028 ஒக்டோபர் வரை வரும் என்று மைக்ரோசொஃப்ட் சொல்லியிருப்பதால் பச்சை அடையாளம் தொடர்ந்து தெரியும், ஆனால் விண்டோஸின் ஓட்டைகள் அடைபடாது. விண்டோஸ் 10 இன் கடைசிப் பதிப்பான 22எச்2 இல் இருந்தால் விண்டோஸ் அப்டேட் பக்கத்தில் நீட்டித்த ஆதரவுக்குப் பதியலாம். மைக்ரோசொஃப்ட் கணக்கு வேண்டும். செட்டிங்ஸை அந்தக் கணக்கோடு ஒத்திசைத்தால் இலவசம், இல்லையேல் 30 டொலர். அது 2026 ஒக்டோபர் 13 வரை. விண்டோஸ் 11 க்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லும், இன்டெல் பிராசசர் என்றால் பொதுவாக 8 ஆம் தலைமுறையோ அதற்குப் பிந்தியதோ தேவை. அலுவலகங்களிலிருந்து கழிந்து இங்கே இரண்டாம் கையாக விற்கிற 3, 4 ஆம் தலைமுறை ஐ5 களில் அதை முறையாகப் போட முடியாது. அப்படியான கணினியை இப்போது வாங்க நினைத்தால் விலை பேசுவதற்கு முன் தலைமுறையைக் கேளுங்கள். ஏற்கெனவே வீட்டில் இருந்தால், ஒரு பென்ட்ரைவில் விண்டோஸுக்குப் பதிலாகப் பாவிக்கக்கூடிய இலவச லினக்ஸ் மின்ட்டை ஏற்றி, ஹார்ட்டிஸ்க்கைத் தொடாமல் ஓட்டிப் பாருங்கள். வைஃபை, பிரிண்டர், தமிழ் விசைப்பலகை மூன்றும் அதில் வேலை செய்தால் மாறலாம்.