தவறணையில் அக்காவுக்கு ஒரு வாங்கு

அரிசி ஆலை இயந்திரங்கள் திருத்துவது என் தொழில். வீடு வவுனியாவில், வேலை வன்னி முழுக்க. மாரிபோக நெல் வெட்டி முடிந்தால் மாதத்தில் இருபது நாளாவது றோட்டில்தான் என் சாப்பாடு. எந்தச் சந்தியில் எத்தனை மணிக்கு எது சூடாகக் கிடைக்கும் என்று நித்திரையில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். ஆனால் மோட்டார் சைக்கிளில் தனியாகப் போய், அவசரமாகச் சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு வருகிறவனுக்கு ஒரு கடையைப் பற்றிப் பாதிதான் தெரியும். போன பங்குனிக் கடைசியில் லண்டனில் இருந்து அக்காவும் அவருடைய மகனும் வந்தார்கள். என் வழக்கமான சுற்றில் அவர்களை வானில் ஏற்றிக்கொண்டு போனேன். மற்றப் பாதி அன்றைக்குத்தான் தெரிந்தது.

வவுனியாவில் இருந்து ஏ9 வீதியால் மாங்குளம், அங்கே கிழக்கே திரும்பி ஒட்டுசுட்டான் வழியாக முல்லைத்தீவு, பிறகு புதுக்குடியிருப்பு, விசுவமடு, பரந்தன், கிளிநொச்சி, முறிகண்டி, திரும்ப வவுனியா. விடிய வெளிக்கிட்டால் இருட்டி ஒரு மணித்தியாலத்தில் வீடு. வான் ஓட்டியது அயல் வீட்டுத் தம்பி. அவர் வாயில் ஒரு சொட்டும் படாது. தவறணையில், அதாவது கள்ளுக்கடையில், நிற்கிற யோசனை இருந்தால் முதலில் அப்படி ஒரு ஆளைப் பிடியுங்கள்.

மருமகனுக்கு 23 வயது. வந்து இறங்கிய அன்றே, "மாமா, இஞ்ச பப் இருக்கோ?" என்று கேட்டான். இங்கிலாந்தில் 18 வயதில் வாங்கலாம், இலங்கையில் 21 நிரம்ப வேண்டும். இரண்டு கணக்கிலும் அவனுக்குத் தடையில்லை. "பப் இல்லை, தவறணை இருக்கு" என்றேன். அந்தச் சொல் அவனுக்குத் தெரியாது. அக்காவுக்குத் தெரியும். "கருப்பணி கிடைக்குமோடா?" என்று உடனே கேட்டார். கருப்பணி என்றால் புளிக்காத, இனிப்பான பதநீர். அவர் 1988இல் ஊரை விட்டுப் போனவர். 2003இல், போர்நிறுத்தத்தில் பாதை திறந்திருந்த காலத்தில் ஒரு தரம் வந்தார். அது ஐப்பசி மழைக்காலம். பனை ஓய்ந்திருந்தது.

காலைச் சாப்பாடு வவுனியா அம்மாச்சியில். வடக்கு மாகாண விவசாயத் திணைக்களத்தின் ஏற்பாட்டில் பெண்கள் குழுக்களாகச் சேர்ந்து நடத்துகிற உணவகம். தெற்கில் ஹெல போஜுன் என்ற பெயரில் இருப்பதும் இதே மாதிரித்தான். சமையல் உங்கள் கண் முன்னால் நடக்கும். தட்டை நீங்களே தூக்கிக்கொண்டு போய் வாங்க வேண்டும். குரக்கன் பிட்டு, தோசை, உழுந்து வடை, இலைக்கஞ்சி எடுத்தோம். நாலு பேர் வயிறு நிறையச் சாப்பிட்டு ஆயிரம் ரூபாய்த் தாளில் மிச்சமும் வந்தது. கஞ்சியில் தேங்காய்ப்பால் கடைசியாக விட்டிருந்தார்கள், திரையவில்லை. இந்த இடத்தில் குறை சொல்ல எனக்கு ஒன்றும் அகப்படவில்லை. உள்ளே போனதும் அக்கா யாரையும் பார்க்காமல், யாரையும் கேட்காமல், மின்விசிறிக்குக் கீழே இருந்த மேசையில் போய் இருந்துவிட்டார். அப்போது நான் இதைக் கவனிக்கவில்லை. பின்னேரம்தான் நினைவு வந்தது.

மத்தியானம் முல்லைத்தீவில், பஸ் நிலையத்தில் இருந்து கடற்கரைப் பக்கம் நடந்தால் வரும் ஒரு தகரக் கூரைக் கடை. பெயர்ப்பலகை இல்லை. புருஷனும் பெண்சாதியும் மட்டும்தான். நான் எந்தச் சோற்றுக்கடையிலும் கறியைத் தொட முன்னர் சோற்றைத்தான் பார்ப்பேன், தொழில் பழக்கம். ஒரு பருக்கையை எடுத்து விரலால் நசுக்கினால் எவ்வளவு தீட்டியிருக்கிறார்கள் என்று தெரிந்துவிடும். இங்கே சிவப்புப் புழுங்கல், தவிட்டுக் கோடு அப்படியே இருந்தது. மொட்டைக்கறுப்பன் அரிசி என்று சொல்லி வேறு எதையோ போடுகிற கடைகளும் உண்டு. இவர் ஒன்றும் சொல்லவில்லை, நல்ல சோற்றைப் போட்டார். பாரை மீன் குழம்பு, சுறா வறை, கத்தரிக்காய்ப் பால்கறி, சொதி. சுறா வறையில் தேங்காய்ப்பூவை அளவாகப் போட்டு, மீன் உதிரி உதிரியாக வரும்வரை வறுத்திருந்தார்கள். மீன் சாப்பாடு ஒன்று 600 ரூபாய், சோறு கேட்கக் கேட்க வரும். பன்னிரண்டரைக்கு முதல் போங்கள். ஒன்றரைக்கு வறை இருக்காது. கை கழுவுகிற இடத்தில் சவர்க்காரம் இல்லை, அதைக் கடைக்காரப் பெண்ணிடம் சொன்னோம், ஓடிப்போய்ப் புதுக்கட்டி பிரித்துக்கொண்டு வந்தார்.

இனித் தவறணை.

விசுவமடுவைத் தாண்டிப் பரந்தன் நோக்கி வரும்போது, பெரிய வீதியை விட்டு உள்ளே கிரவல் றோட்டில் கொஞ்சத் தூரம், ஒரு பனங்கூடலின் ஓரத்தில் இருக்கிறது. பனை தென்னை வள அபிவிருத்திக் கூட்டுறவுச் சங்கம் ஒன்றின் தவறணை. சீவல் தொழிலாளிகள் காலையும் பின்னேரமும் இறக்கிக்கொண்டு வரும் கள் இங்கே வந்து சேர்ந்து, வடித்து, போத்தல் கணக்கில் விற்பனையாகும். அரைச்சுவர், கிடுகுக் கூரை, உள்ளே இருப்பதற்கு நாலைந்து வாங்கு, ஒரு சின்ன யன்னல், யன்னலுக்குப் பின்னால் கணக்குப் புத்தகத்தோடு முகாமையாளர்.

மருமகனுக்கு நான் எல்லாம் விளக்கிச் சொல்ல வேண்டிவரும் என்று நினைத்திருந்தேன். அவன் நேரே யன்னலுக்குப் போனான், காசைக் கொடுத்தான், போத்தலையும் கோப்பைகளையும் தூக்கிக்கொண்டு வந்தான். "லண்டன் பப்பும் இப்பிடித்தான் மாமா. மேசைக்கு ஒருத்தரும் வரமாட்டினம். நாங்கதான் கவுண்டருக்குப் போய், காசு குடுத்து, தூக்கிக்கொண்டு வரோணும்" என்றான். அங்கே கூட்டமாகப் போனால் ஒரு சுற்றுக்கு ஒருவர் எல்லோருக்கும் வாங்குவாராம். அடுத்த சுற்று அடுத்தவருடையது. பக்கத்து வாங்கில் இருந்த மூன்று பேரும் அதைத்தான் செய்துகொண்டிருந்தார்கள். ஒரு போத்தல் முடிய, வெள்ளைச் சேட்டுக்காரர் எழும்பினார். அது முடிய மற்றவர் எழும்பினார். பியர் அங்கே பைன்ற் கணக்கு, 568 மில்லிலீற்றர். இங்கே போத்தல் கணக்கு. மற்றப்படி பெரிய வித்தியாசம் அவனுக்குத் தெரியவில்லை.

கள் எப்படி என்றால், நல்ல கள். அன்று காலை இறக்கிய பனங்கள், நாங்கள் குடிக்கும்போது மூன்று மணி. மரத்தில் முட்டிக்குள் விழும்போதே புளிக்கத் தொடங்குவதால் காலையில் இனிப்புத் தூக்கலாகவும் பின்னேரத்தில் புளிப்புத் தூக்கலாகவும் இருக்கும். மூன்று மணிக்கு இரண்டும் சரிபாதி. சீனி போட்டுப் பெருக்கிய கள் நாக்கு நுனியில் தித்தித்து, பிறகு தொண்டையில் பிசுபிசுவென்று நிற்கும். இதில் அது இல்லை. நுரை மெல்லிசாக எழும்பி அடங்கியது. வடியில் தப்பிய ஒரு சின்னப் பாளைத் துண்டு என் கோப்பையில் மிதந்தது. எனக்கு அது மரத்தில் இருந்து வந்ததற்கு அத்தாட்சி மாதிரி இருந்தது. போத்தல் 200 ரூபாய். பிளாஸ்ரிக் கோப்பைதான் பிடிக்கவில்லை. கழுவிக் கழுவி மங்கிப்போன கோப்பை. கண்ணாடிக் கிளாஸ் வைத்தால் இன்னும் பத்து ரூபாய் கூடக் கொடுப்பேன்.

ஆனால் உள்ளே தின்ன ஒன்றும் இல்லை. பக்கற்றில் மிக்சர் தொங்குகிறது, அவ்வளவுதான். சாப்பாடு வெளியே இருக்கிறது. படலைக்கு வெளியே, வெயிலில், சாக்கு விரித்து ஒரு ஆச்சி. அவித்த மரவள்ளிக்கிழங்கு, செத்தல் மிளகாயும் உள்ளியும் போட்டு இடித்த சம்பல், நெத்தலிப் பொரியல். கிழங்கு மாவாக வெடித்திருந்தது; விரலால் தொட உதிர்ந்தது. ஆச்சி அதைத் தேக்கிலையில் வைத்துத் தருகிறார். கள்ளின் புளிப்புக்கும் அந்தச் சம்பலின் உறைப்புக்கும் நடுவில் கிழங்கு வந்து நிற்கும்போது வாய் ஒரு நிலைக்கு வரும். அன்று முழுக்கச் சாப்பிட்டவற்றில் இதுதான் முதலாவது என்று மருமகனும் சொன்னான், நானும் சொல்கிறேன். இரண்டு தரம் எழும்பிப் போய் வாங்கினோம்.

அக்கா வானுக்குள் இருந்தார்.

வரவேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. வந்து இறங்கியபோது உள்ளே இருந்த ஏழெட்டுப் பேரும் ஒரு தரம் நிமிர்ந்து பார்த்தார்கள், அவ்வளவுதான். மரியாதையான ஆட்கள், ஒருவர் எழும்பி இடம்கூட விட்டார். ஆனால் அக்கா படலையடியில் நின்று வாங்குகளைப் பார்த்துவிட்டு, "நான் வானுக்கை இருக்கிறன், நீங்கள் குடிச்சிட்டு வாங்கோ" என்றார். நான் கிழங்கை இலையோடு கொண்டுபோய்க் கொடுத்தேன். மடியில் வைத்துச் சாப்பிட்டார். சாப்பிடும்போது சொன்னார்: "லண்டனில ஞாயிற்றுக்கிழமை எங்கட வேலையிடத்து ஆக்களோட பப்பில போய்த்தான் மத்தியானம் சாப்பிடுறனான். பிள்ளை குட்டியோட வருவினம், கிழவியள் வருவினம். நான் ஒரு ஜூஸ் வாங்கி வைச்சுக்கொண்டு இரண்டு மணித்தியாலம் இருப்பன். இஞ்ச என்ர ஊரில வானுக்கை இருக்கிறன்." கோபமாகச் சொல்லவில்லை. கிழங்கை ஊதிக்கொண்டு சொன்னார்.

பல வருடமாக நான் இந்தத் தவறணைக்கு முன்னால் போய் வருகிறேன். இது என் கண்ணில் பட்டதில்லை. கள் குடிக்கிறவர்களுக்கு மட்டும் அல்லாமல் அந்த வழியால் போகிற குடும்பத்துக்கும் ஒரு இருப்பிடம் வேண்டும். அதற்குப் பெரிய செலவு இல்லை. ஆச்சிக்கு நிழல், நிழலுக்குக் கீழே வாங்கு, கைகழுவத் தண்ணீர். கள்ளும் கிழங்கும் பத்து அடி தூரத்தில் இருந்துகொண்டு ஒன்றையொன்று பார்க்காமல் இருக்கின்றன. எல்லாம் நல்லதாக இருக்கிற ஒரு இடத்தில் இது குறைவாக இருப்பது எனக்கு உண்மையிலேயே மனவருத்தம்.

கருப்பணிக் கதையையும் சொல்ல வேண்டும். தவறணையில் கருப்பணி விற்பதில்லை. முட்டியின் உள்ளே சுண்ணாம்பு பூசினால்தான் புளிக்காமல் இனிப்பாக நிற்கும். அதற்குத் தனி முட்டி கட்ட வேண்டும். நான் இரண்டு நாள் முதலே தெரிந்த சீவல்காரர் ஒருவருக்கு ரெலிபோனில் சொல்லி வைத்திருந்தேன். நாலரை போல அவர் சைக்கிளில் வந்தார், கைபிடியில் முட்டி. கோப்பை இருக்கிறதா என்று கேட்டதற்குச் சிரித்துவிட்டு, கூடவே கொண்டுவந்த இளம் ஓலையில் ஒன்றை விரித்தார். நடுவைக் குழித்து, இரண்டு பக்கத்தையும் மடித்து, நுனியைச் சேர்த்து ஈர்க்கால் ஒரு முடிச்சு. ஒரு நிமிடம்கூட ஆகவில்லை, தோணி மாதிரி ஒரு பிளா. மாங்காயை மடிக்கத்தியால் சீவி உள்ளே போட்டு, மேலே கருப்பணியை வார்த்தார். அக்கா வான் கதவைத் திறந்து, படியில் இருந்து, இரண்டு கையாலும் பிளாவைப் பிடித்துக் குடித்தார். ஒரு சொட்டும் ஒழுகவில்லை. மாங்காய்த் துண்டைக் கடித்தபோது கண்ணை மூடினார். "இதே ருசிதான்" என்றார். சீவல்காரர் இரண்டாம் தரமும் வார்த்தார், காசு வாங்க மாட்டேன் என்றார், பிடிவாதமாகச் சட்டைப்பைக்குள் வைத்தோம்.

கிளிநொச்சியில் இரவுச் சாப்பாடு பற்றி அதிகம் எழுத விருப்பமில்லை. ஏசி போட்ட உணவகம், பியரும் கிடைக்கும், "குடும்ப அறை" என்று கண்ணாடித் தடுப்பு. அக்கா இருக்க வசதியான இடம் என்றுதான் கூட்டிப்போனேன். மெனுவில் பாதி "இன்றைக்கு இல்லை". டெவல் இறாலுக்கு ஐம்பது நிமிடம் காத்திருந்தோம். ஐஸில் கிடந்த இறால், தக்காளி சோஸ் இனிப்பு. பியருக்குக் கடை விலையைப் போல இரண்டு மடங்கு. மத்தியானம் கடலைப் பார்த்துக்கொண்டு மீன் சாப்பிட்ட ஆட்களுக்கு இதைப் போய்க் கொடுத்தோமே என்று எனக்கு வெட்கமாகிவிட்டது. பாதியில் எழும்பினோம்.

முறிகண்டியில் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்து, மணலில் வறுத்த கச்சான் இரண்டு பை வாங்கி, வவுனியா வரும்வரை உடைத்து உடைத்துத் தின்றோம். இரவுச் சாப்பாடு உண்மையில் அதுதான்.

போக விரும்புகிறவர்களுக்கு: பூரணை நாளில் தவறணை பூட்டு, நாட்காட்டியைப் பார்த்துவிட்டு வெளிக்கிடுங்கள். பனங்கள் வேண்டுமென்றால் பங்குனி, சித்திரை நல்லது. ஆச்சி இரண்டு மணிக்குப் பிறகுதான் வருவார், சில்லறைக் காசு கொண்டுபோங்கள். கருப்பணிக்கு முதலே சொல்லி வைக்க வேண்டும்.

சித்திரை வருடப் பிறப்பு முடிந்து, அக்கா லண்டன் போன பிறகு, தருமபுரத்தில் ஒரு ஆலையில் வேலை வந்தது. திரும்பும்போது தவறணைக்குப் போய் முகாமையாளரிடம் விசயத்தைச் சொன்னேன். அவர் மறுக்கவில்லை. சங்கத்தில் கதைக்க வேணும், காசு ஒதுக்கக் கன நாள் எடுக்கும் என்றார். காசு வேண்டாம், இரும்புச் சட்டம் என்னிடம் கிடக்கிறது, பலகையும் இருக்கிறது, ஒட்டுவேலையும் நானே செய்து தருகிறேன் என்றேன். அவர் கணக்குப் புத்தகத்தை மூடிவிட்டு வெளியே வந்தார். ஆச்சி இருக்கிற இடத்துக்குப் பக்கத்தில் நின்று, காலடியால் அளந்து பார்த்துக் கேட்டார்.

"ஆறடி காணுமோ அண்ணை?"