டபுள் ஹூக் ஹார்னஸ் செட்: மில் கூரைக்குச் சரி, வீட்டு மாடிக்கு?

கோவையில் சோலார் பேனல் மாட்டும் வேலை எங்களுடையது. 2024 பிப்ரவரியில் பிரதமரின் சூர்ய கர் திட்டம் வந்து, மூன்று கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் மானியம் என்றதும், அதுவரை மில் கூரை, குடோன் கூரை என்று போய்க்கொண்டிருந்த எங்களுக்கு வீட்டு மாடி வேலையும் வந்து குவிந்தது. அதையொட்டிப் பையன்களுக்கு வாங்கிய ஃபுல் பாடி ஹார்னஸ் செட் பற்றித்தான் எழுதுகிறேன், அதாவது உயரத்தில் இருந்து விழுந்தால் தாங்க, தோள், நெஞ்சு, தொடை எல்லாம் சேர்த்துக் கட்டுகிற பட்டை. முதுகில் டி வடிவ வளையம் ஒன்று (டி ரிங்), அதில் விழும் அடியைத் தணிக்கிற ஷாக் அப்சார்பர், அதிலிருந்து இரண்டாகப் பிரியும் லேன்யார்டு என்கிற இணைப்புக் கயிறு, இரண்டு நுனியிலும் சாரத்தில் மாட்டுகிற பெரிய கொக்கி. டாக்டர் நஞ்சப்பா ரோட்டுப் பக்கம் சேஃப்டி சாமான் விற்கிற கடையில் கேட்டால் முதலில் இதைத்தான் எடுத்துப் போடுவார்கள். மூவாயிரத்துச் சொச்சம் ஆனது. கம்பெனி பெயர் வேண்டாம், நான் சொல்லப்போவது இந்த வகை செட் எல்லாவற்றுக்கும் பொருந்தும்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். தையல் அருமை. பட்டை ஒரு நிறம், நூல் வேறு நிறம், அதனால் ஒரு இழை அறுந்திருந்தாலும் கண்ணில் படும். தோள்பட்டைப் பட்டையை ஒரு இடத்தில் மடித்துத் தைத்திருக்கிறார்கள், பெரிய இழுவை வந்தால் அந்தத் தையல் பிரிந்து உள்ளே மறைந்திருக்கும் சிவப்புத் துணி வெளியே தெரியும், அப்படித் தெரிந்தால் அந்த ஹார்னஸை வெட்டிப் போட வேண்டியதுதான், யாரும் எடுத்து மறுபடி மாட்டிவிடக் கூடாது. லேபிளில் ஐஎஸ் 3521, ஈஎன் 361 என்கிற இந்திய, ஐரோப்பியத் தர எண்கள், தயாரித்த மாதம், சீரியல் நம்பர் எல்லாம் இருக்கிறது. பக்கத்திலேயே எண்ணூறு ரூபாய்க்கு ஒரு பெல்ட் தொங்குகிறது, அதில் லேபிளும் இல்லை, அப்சார்பரும் இல்லை, வெறும் கயிறும் கொக்கியும். இடுப்பில் மட்டும் கட்டுகிற பழைய பெல்ட்டும் இன்னும் விற்கிறார்கள். விழுந்தால் மொத்த அடியும் வயிற்றிலும் முதுகெலும்பிலும் இறங்குகிற சாமான் அது. அமெரிக்காவில் கட்டட வேலையில் விழுகிறவரைத் தாங்க இடுப்பு பெல்ட் கூடாது என்று 1998 ஜனவரியோடு நிறுத்திவிட்டார்கள், நம் ஊர் சாரத்தில் இன்றைக்கும் பார்க்கலாம்.

மாட்டுவது கொஞ்சம் வேலைதான். பக்கிள் எல்லாம் ஒரு சதுரத்துக்குள் இன்னொரு சதுரத்தை நுழைக்கிற வகை, வியர்த்த கையோடு ரொம்பப் படுத்தும். தொடைப் பட்டையில்தான் எல்லோரும் ஏமாற்றுகிறார்கள். பேனலைத் தாங்கும் அலுமினிய ரெயிலுக்கு ஸ்க்ரூ அடிக்கக் குந்தி உட்காரும்போது இறுக்குகிறதாம், அதனால் தளர்த்தி விட்டுவிடுவார்கள். "ணா, இதைக் கட்டிக்கிட்டு உக்காரவே முடியலங்ணா" என்று தினமும் ஒரு பஞ்சாயத்து. பட்டைக்கும் தொடைக்கும் நடுவே தட்டையாக உள்ளங்கை நுழைய வேண்டும், முஷ்டி நுழையக் கூடாது. தளர்ந்த பட்டையோடு விழுந்தால் அது மேலே ஏறி எங்கே போய் இறுக்கும் என்று ஒருமுறை விளக்கிச் சொன்னேன், அப்புறம் யாரும் வாய் திறக்கவில்லை.

இரண்டு கொக்கி எதற்கென்றால், நகரும்போது ஒன்று மாட்டியிருக்க மற்றதைக் கழற்றி முன்னால் மாட்டலாம், எந்த நேரமும் ஒன்றாவது பிடியில் இருக்கும். மில் கூரையைத் தாங்கும் இரும்புச் சட்டமான ட்ரஸ்ஸில், சாரத்தில், டவரில் இது பிரமாதம். வேலை செய்யாத கொக்கியை எங்கே தொங்கவிடுவது என்பதில் ஒரு விஷயம் இருக்கிறது. நெஞ்சுப் பட்டையில் அதற்கென்று சின்ன பிளாஸ்டிக் வளையம் கொடுத்திருக்கிறார்கள். பையன்கள் அதை விட்டுவிட்டு இடுப்புப் பக்கத்து இரும்பு ரிங்கில் மாட்டிக்கொள்கிறார்கள், அதுதான் உறுதியாகத் தெரிகிறதாம். அப்படி மாட்டினால் விழும்போது இழுவை அப்சார்பர் வழியாகப் போகாமல் அந்தக் கிளை வழியாக நேரே உடம்புக்கு வந்துவிடும். பிளாஸ்டிக் வளையம் இழுத்தால் பிய்ந்து போகத்தான் வைத்திருக்கிறார்கள். பெட்டிக்குள் இருக்கும் காகிதத்தில் இதெல்லாம் இருக்கிறது, இங்கிலீஷில், எறும்பு எழுத்தில்.

இப்போது தலைப்பில் கேட்ட கேள்வி. ஷாக் அப்சார்பர் என்பது மடித்துத் தைத்த பட்டை. விழும்போது அந்தத் தையல் கொஞ்சம் கொஞ்சமாகக் கிழிந்து வேகத்தை வாங்கிக்கொள்ளும், உடம்பில் வரும் இழுவையை 6 கிலோநியூட்டனுக்குள் நிறுத்தும், அதாவது ஏறக்குறைய 600 கிலோ எடை. அது இல்லாத வெறும் கயிறு என்றால் இதன் இரண்டு மடங்குக்கும் மேலே போகலாம். ஆனால் கிழிய இடம் வேண்டுமே. லேன்யார்டு 2 மீட்டர், அப்சார்பர் விரிவது 1.75 மீட்டர் வரை, டி ரிங்கிலிருந்து கால் வரை 1.5 மீட்டர், தரைக்கு மேலே பாதுகாப்புக்கு ஒரு மீட்டர். கூட்டினால் 6.25 மீட்டர். கொக்கி மாட்டிய இடத்துக்குக் கீழே இவ்வளவு காலி இடம் இருந்தால்தான் இந்த செட் வேலை செய்யும். தரைத்தளம் மட்டும் உள்ள வீட்டின் மாடி பத்தடி, பத்தரையடி. அங்கே தளத்தை ஒட்டிக் கொக்கியை மாட்டிவிட்டு விளிம்பில் நிற்கிறவன் விழுந்தால், அப்சார்பர் விரிந்து முடிவதற்குள் தரை வந்துவிடும். பெல்ட் போட்டிருந்தான், விதிப்படிதான் எல்லாம் என்று எழுதிக்கொள்ளலாம், அவ்வளவுதான் பிரயோஜனம். ஒரு மாடி வீட்டில்கூட மயிரிழைதான்.

கடைக்காரரிடம் இதைக் கேட்டேன். "சார், எல்லாரும் இதைத்தான் வாங்கிட்டுப் போறாங்க" என்றார். எவ்வளவு உயரத்தில் வேலை, எதில் மாட்டுவீர்கள் என்று ஒரு கேள்வி கேட்டிருக்கலாம்.

எதில் மாட்டுவது என்பது இன்னொரு தலைவலி. ட்ரஸ் பைப்பைக் கொக்கி கவ்விவிடுகிறது, ஷீட்டைத் தாங்கும் குறுக்குச் சட்டமான எட்டு இஞ்ச் பர்லினை அதன் வாய் கொள்ளாது. அதற்குத் தனியாகப் பட்டை ஸ்லிங் வாங்கிச் சுற்றிப்போட வேண்டும், செட்டில் அது கிடையாது. வீட்டு மாடியில் நிலைமை இன்னும் மோசம். நான் பார்த்த வரை மாட்டுகிற இடங்கள்: தண்ணீர் டேங்குக்குப் போகும் பிவிசி பைப், கைப்பிடிச் சுவரில் பதித்த கிரில், நாங்களே அரை மணி நேரத்துக்கு முன் ஷீட்டில் ஸ்க்ரூ அடித்து நிறுத்திய அலுமினிய ரெயில். அப்புறம் நம் ஊருக்கே உரிய ஒன்று, பின்னால் மேல்மாடி எழுப்பலாம் என்று காலத்தில், அதாவது கான்கிரீட் தூணில், நீட்டி விட்ட கம்பி. துருப்பிடித்த கம்பி என்பது ஒருபக்கம் இருக்கட்டும், மேலே திறந்துதானே நிற்கிறது, கொக்கி தானாக உருவிக்கொண்டு வந்துவிடும். மாடிப்படி ஹெட்ரூமின் கான்கிரீட் காலத்தைச் சுற்றி ஸ்லிங் போடுவதுதான் எங்களுக்கு ஒத்துவந்தது.

வீட்டு மாடிக்கு விழுந்த பிறகு பிடிப்பதைவிட விளிம்புக்கே போகவிடாமல் இழுத்து நிறுத்துவதுதான் வழி. காலத்தில் ஸ்லிங், அதிலிருந்து கயிறு, கயிற்றில் அதைக் கவ்விப் பிடிக்கிற ரோப் கிராப், அந்த கிராப்பை ஹார்னஸில் மாட்டி, கைப்பிடிச் சுவருக்கு இரண்டடி முன்னாலேயே நின்றுவிடுகிற மாதிரி நீளத்தை வைத்துவிட வேண்டும். கயிறு அந்த கிராப்புக்குச் சொன்ன தடிமனில்தான் இருக்க வேண்டும், தார்ப்பாய் கட்டும் மஞ்சள் நைலான் கயிறு ஆகாது. ஷீட் விளிம்பில் உரசுகிற இடத்தில் பழைய ஹோஸ் துண்டு ஒன்றைச் செருகிவிடுங்கள், அந்த விளிம்பு கத்தியேதான்.

மில் கூரை வேலைக்குப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. அங்கே விளிம்பைவிட நடுக்கூரைதான் பயம். வெளிச்சத்துக்குப் போட்ட ஃபைபர் ஷீட் நாலு வருஷப் பஞ்சுத் தூசு படிந்தால் பக்கத்து இரும்பு ஷீட் மாதிரியே தெரியும், கால் வைத்தால் நேரே உள்ளே. பழைய ஆஸ்பெஸ்டாஸும் அப்படியே. பலகை போட்டு அதன்மேல்தான் நடக்க வேண்டும். அங்கே உயரம் 25 அடி, 30 அடி என்று இருப்பதால் இந்த டபுள் லேன்யார்டு முழுசாகக் கைகொடுக்கும், கீழே தறியோ மெஷினோ இருந்தால் அந்த உயரத்தைக் கழித்துக்கொண்டு கணக்குப் போடுங்கள்.

தொங்குகிறவரை இறக்குவது யார் என்பதையும் ஏறுவதற்கு முன்னாலேயே பேசி வைக்க வேண்டும். ஹார்னஸில் அசையாமல் தொங்கினால் காலில் ரத்தம் தேங்கி மயக்கம் வந்துவிடும், உயிருக்கே ஆபத்து. 101-க்குப் போன் போட்டுவிட்டு வேடிக்கை பார்க்கிற சமாசாரம் இல்லை, எட்டுகிற ஏணி கீழே தயாராக இருக்க வேண்டும். தொங்கும்போது கால் வைத்து எழும்பி நிற்க ஒரு பட்டை தனியாக விற்கிறது, சின்னதாகச் சுருட்டி இடுப்பில் மாட்டலாம், இந்த செட்டில் அதையும் சேர்த்தே கொடுத்திருக்கலாம்.

பராமரிப்பு பெரிசாக ஒன்றுமில்லை. சாதா சோப்புத் தண்ணீர், நிழலில் உலர்த்தல். தின்னர், பெட்ரோல் வைத்துப் பெயின்ட் கறை எடுக்கப் பார்த்தால் பட்டை கெட்டுவிடும். தன் பெயரை மார்க்கரில் பட்டைமேல் எழுதிக்கொள்கிற பழக்கமும் வேண்டாம், லேபிளில் எழுத இடம் இருக்கிறது. கோவை வெயிலுக்கு வண்டியின் மேலேயே போட்டு வைத்தால் நிறம் வெளுக்கும், நிறம் வெளுத்தால் பலமும் போகிறது என்று அர்த்தம். எங்களிடம் அப்சார்பரை மூடியிருந்த பிளாஸ்டிக் உறை சீக்கிரமே கிழிய ஆரம்பித்தது, அது ஒரு குறை.

ஹார்னஸுக்கு ஐந்துக்கு நாலு, செட்டாகப் பார்த்தால் மூன்று. டவர், ட்ரஸ், உயரமான சாரம் என்றால் தாராளமாக வாங்குங்கள். வீட்டு மாடி வேலைதான் அதிகம் என்றால் ஹார்னஸை மட்டும் தனியாகக் கேட்டு வாங்கி, லேன்யார்டுக்குப் போகிற காசில் ரோப் கிராப், கயிறு, இரண்டு ஸ்லிங் எடுத்துக்கொள்ளுங்கள். கொஞ்சம் கூடவே ஆகும், கடைக்காரர் ஸ்டாக் இல்லை, ஆர்டர் போட்டுத்தான் வர வேண்டும் என்பார், வரட்டும் என்று சொல்லிவிட்டு வாருங்கள்.